ஏரிக்குள் பதினோரு தறிகள்

தணிகாசலம் தன் அண்ணனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய சட்டை அம்மன் பாட்டுப் பாட ஆரம்பித்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். நேற்றுச் சாயங்காலமே இஸ்திரி போட்டு, பையில் பேனா குத்தி, இன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமென்று பரசுராமன் மாட்டி வைத்த சட்டை அது. போட்டுக்கொள்ள வேண்டியவர் விடிகாலை ஐந்து மணிக்கு, "நெஞ்ச இன்னாவோ பண்ணுது கமலம்" என்று சொல்லிவிட்டு, சுக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் போய்விட்டார்.

கமலம் தலைமாட்டிலிருந்து எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தாள்.

"பரசுராமன் சாரா? சர்வேயர் சந்திரமோகன், வேலூர்லருந்து. முள்ளிப்பட்டுல நிக்கிறேன். நீங்க குடுத்த பாயிண்ட்டுக்குத்தான் வந்திருக்கேன். இங்க வூடும் இல்ல, தறியும் இல்ல. ஏரிதான் இருக்கு. ரெண்டு எருமை இருக்கு."

"அங்கயே நில்லுங்க சார்," என்றாள் கமலம். "எருமைய எழுதிக்காதீங்க."

"கட்டினவன் படுத்துகினு கிடக்கறான். இவ போன்ல எருமைய பத்திப் பேசிகினு இருக்கா," என்றாள் கிருஷ்ணம்மாள். பரசுராமனின் அக்கா. எழுபது வயது. சாவு வீட்டில் யார் எவ்வளவு அழுதார்கள் என்பதை வெகு துல்லியமாக நினைவில் வைத்திருப்பவள்.

கமலம் அழவில்லை என்பதை அவள் காலையிலிருந்தே கவனித்து வந்தாள். அதில் கமலத்தின் தப்பு ஒன்றுமில்லை. அவள் பிறந்தது பட்டுக்கடை வீட்டில். எதிராளி என்ன விலை சொன்னாலும் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று அவள் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை.

பரசுராமன் ஆரணியில் இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் ஏஜென்ட். தறி, தறிக்கொட்டாய், கடை, சரக்கு என்று எரியக்கூடியது, நனையக்கூடியது எதைக் கண்டாலும் பாலிசி போட்டுவிடுவார். போன வருஷம் கம்பெனி ஒரு புது உத்தரவு போட்டது. பாலிசி எடுத்த ஒவ்வொரு கட்டடமும் எங்கே இருக்கிறதென்று ஆன்லைன் மேப்பில் புள்ளி வைத்து அனுப்ப வேண்டும். அதற்காக வேலூரில் அரை நாள் வகுப்பு நடந்தது. சாம்பார் சாதமும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். திரும்பி வந்த பரசுராமன், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளைத் தானே கயிறு கட்டி ஏற்றிவிட்டதுபோல் நடந்துகொண்டார்.

"பெரிய வித்தையா கமலம்? எடத்துக்குப் போயி நின்னுகினு 'என் இருப்பிடம்'னு ஒரு தட்டு தட்டணும். ஜல்தியா முடிஞ்சுடும்."

ஜல்தியாகத்தான் முடிந்தது. முள்ளிப்பட்டில் பதினோரு தறி வீடுகளுக்கும் ஒரே காலையில் புள்ளி வைத்துவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் வந்து இட்லி கேட்டார்.

கார்த்திகையில் புயல் வந்தது. முள்ளிப்பட்டில் தகரக் கூரைகள் பறந்தன. தறிக்குழிகளில் தண்ணீர் நின்றது. தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு ஊறிப் பாழானது. தறிக்காரி அம்மணி முதலாகப் பதினோரு பேரும் இழப்பீடு கேட்டு எழுதினார்கள். கம்பெனி பதினொன்றையும் ஒரே கடிதத்தில் தள்ளிவிட்டது: மேற்படி கட்டடங்கள் ஏரிக்குள் அமைந்துள்ளன, நீர்நிலையில் கட்டியதற்கு இழப்பீடு கிடையாது.

பரசுராமன் கடிதத்தை மூன்று தடவை படித்துக் கம்பெனியைத் திட்டினார். கமலம் அவர் போனை வாங்கி, மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.

"பதினோரு தறியும் ஏரிக்குள்ள மிதந்துகினு இருக்குதுங்க. நம்ம அம்மணிக்கு நீச்சல் தெரியுமா?"

"மேப்பு தப்பு."

"மேப்பு இருக்கட்டும். நீங்க எங்க நின்னுகினு தட்டினீங்க?"

பரசுராமன் மின்விசிறியைப் பார்த்தார். ஊருக்குள் சிக்னல் வரவில்லை. ஏரிக்கரை மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைத்தது. அங்கே புங்கமரத்தடியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, பதினோரு பேருக்கும் பதினோரு தடவை 'என் இருப்பிடம்' தட்டியிருக்கிறார். போன் பொய் சொல்லவில்லை. அவர் இருந்த இடத்தைத்தான் சொன்னது. பத்தடி தள்ளித் தண்ணீருக்குள் சொன்னது ஒன்றுதான் அது செய்த பிழை.

நான்கு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையால் ஒருவருக்கும் கெட்டுப்போனதில்லை. தெருவில் எவனாவது "வாங்க ஏஜென்ட்டு" என்று கூப்பிட்டால்கூடக் குத்திக்காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தார். ஐந்தாம் நாள் கமலம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

வேலூர் வகுப்பில் சொல்லித்தராத ஒன்றை அவள் அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். மேப்பை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி வரும். அதற்கு டவர் வேண்டாம், தலைக்கு மேல் வானம் இருந்தால் போதும். முதலில் புள்ளியைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் தெரியும். போனுக்கே இன்னும் நிச்சயமில்லை என்று அர்த்தம். வட்டம் சுருங்கும்வரை பொறுத்திருந்து தட்ட வேண்டும். பரசுராமனுக்கு வராதது அந்தப் பொறுமைதான்.

வாசல் வாசலாக அவள் நின்றாள். அவர் பக்கத்தில் குடை பிடித்தார். கதவில் பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்ததால், ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே ஒவ்வொரு புள்ளிக்கும் பேர் வைத்தாள்.

"கம்பெனிக்குப் போற பேப்பர்ல 'கோவக்கார நாய்'னா எழுதுவ?"

"கதவு நெம்பரு கொரைக்குமா? இது கொரைக்கும். கண்டுபுடிச்சுடலாம்."

புது மேப் கம்பெனிக்குப் போனது. நூறு போனுக்குப் பிறகு, ஒரு சர்வேயர் நேரில் வந்து பார்ப்பார் என்று ஒரு தேதி வந்தது. அதுதான் கடைசித் தேதி. அதுதான் இன்று. நேற்றுச் சட்டையை மாட்டும்போது பரசுராமன் சொன்னார்: "நாளைக்குப் பதினொண்ணும் கரையேறுதா இல்லியா பாரு."

"எங்க வூட்டுக்காரரு தவறிட்டாரு சார்," என்றாள் கமலம் போனில். "காலையில."

 மறுமுனையில் எருமை ஒன்று கத்தியது.

"ஐயோ. சாரிம்மா. எனக்குத் தெரியாது. அப்ப இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

"இன்னொரு நாளுன்னா எந்த நாளு?"

"அது... கம்பெனிதான் சொல்லணும். இன்னியோட டைம் முடியுது. 'இடத்தில் கட்டடம் இல்லை'ன்னு எழுதிட்டா ஃபைல மூடிடுவாங்க."

"அப்ப எழுதாதீங்க. கம்பெனி உங்க கையில குடுத்திருக்கறது பழைய புள்ளி. புதுசு வாட்ஸாப்புல அனுப்பறேன். அதும்படி நடந்து பாருங்க."

"எனக்குக் களம்பூர்ல ஒரு ரைஸ் மில்லு பாக்கணும்மா. ஒரு மணிக்கு."

"இப்ப பதினொண்ணு பத்து. ரெண்டு மணி நேரம் இருக்குது."

"அரை மணி தரேன்."

"பதினோரு வூடு சார். ஒண்ணரை மணி."

"முக்கால் மணி. அதுக்கு மேல முடியாது."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒண்ணேகால் மணி."

இதில் அவருக்கு வேண்டாதது எது, அவளுக்கு வேண்டாதது எது என்று சந்திரமோகன் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குள் மேப் அவர் போனில் வந்து விழுந்தது. பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"எடம் சரியாத்தாம்மா இருக்கு. ஆனா எல்லாம் பூட்டிக் கிடக்கு. தெருவுல ஒரு ஆளு இல்ல. உள்ள போய்த் தறியைப் பாக்காம நான் எப்படி எழுதறது?"

கமலம் வாசலை எட்டிப் பார்த்தாள். பந்தலில் முள்ளிப்பட்டே நின்றுகொண்டிருந்தது. பதினோரு குடும்பமும் வந்திருந்தன. ஆளுக்கொரு மாலை. முன்னால் நின்ற அம்மணி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

கமலம் நேரே அவளிடம் போனாள். "அம்மணி, கெளம்பு. எல்லாரையும் கூட்டிகினு ஊருக்குப் போ. சர்வேயர் உங்க வாசல்ல நிக்கறாரு."

"அண்ணனுக்கு வாய்க்கரிசி போடாம நான் நகர மாட்டேங்க அண்ணி."

"அண்ணன் எங்கயும் போவ மாட்டாரு. சர்வேயர் போயிடுவாரு."

அம்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பிறகு மாலையைப் பரசுராமனின் மார்பில் வைத்துவிட்டு, "ஏய், வாங்க எல்லாம்" என்று ஒரு குரல் கொடுத்தாள். மூன்று ஆட்டோ, ஐந்து மோட்டார் சைக்கிள். பிணம் இல்லாமலே ஊர்வலம் கிளம்புகிறதோ என்று குழம்பிய மேளக்காரர்கள் நாலு அடி அடித்துவிட்டு நிறுத்தினார்கள்.

"துக்கத்துக்கு வந்தவங்கள வெரட்டற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் கிருஷ்ணம்மாள்.

"வந்துடுவாங்கக்கா. மூணு மணிக்குத்தானே எடுக்கறோம்."

கமலம் மறுபடி தலைமாட்டில் உட்கார்ந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பரசுராமனின் காதருகே, விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். கிருஷ்ணம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அவரும் கேக்கட்டும்," என்றாள் கமலம்.

முதல் வீட்டுக்கு வெகு நேரம் ஆனது போலிருந்தது. ஊதுபத்தி ஒன்று தீர்ந்து இன்னொன்று ஏற்றினார்கள்.

"அம்மா, 'கோவக்கார நாய்' பாத்துட்டேன். தறியும் இருக்கு, குழியில தண்ணி நின்ன கறையும் இருக்கு."

"நாயி?"

"நல்லாவே இருக்கு. அடுத்து இன்னாம்மா, 'மாமியா கிழக்கு மருமவ மேற்கு'?"

"ஒரே வூடு சார். பேசிக்க மாட்டாங்க, வாசல் ரெண்டு. தறி மருமவ பக்கம்."

கூடத்தில் யாரோ சிரித்து, சாவு வீடென்று நினைவு வந்து இருமலாக மாற்றினார்கள். நான்கு, ஐந்து என்று எண்ணிக்கை ஏறியது. ஒவ்வொன்றுக்கும் தணிகாசலம் ஒரு விரலை மடக்கினான். அழுகை மெல்ல மெல்ல நின்று, பந்தலில் இருந்தவர்கள் கூடத்துக்குள் வந்து போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பரசுராமன் உயிரோடு இருந்தபோது அவர் பேச்சை இத்தனை பேர் இவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை. பத்து ஆனது. பிறகு சத்தத்தையே காணோம்.

"அம்மா, கடைசி ஒண்ணுதான் ஒத்து வரல." சந்திரமோகனின் குரல் மாறியிருந்தது. "'ரெண்டு வேப்பமரத்து வூடு'ன்னு போட்டிருக்கீங்க. இங்க ஒரு மரந்தான் இருக்கு. இடம் இது இல்லன்னா, மொத்த மேப்பையும் நான் எப்படி நம்பறது?"

தணிகாசலம் மடக்கிய விரல்களைப் பிரிக்காமல் அண்ணியைப் பார்த்தான். கமலத்தின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"இன்னொரு மரம் புயல்ல விழுந்து அம்மணி கொட்டாய் மேல படுத்துகினு இருக்குது சார். கொஞ்சம் பின்னால போயி பாருங்க. அதுக்குத்தானே நீங்க வந்திருக்கீங்க?"

செருப்புச் சத்தம் போனது. தகரம் ஒன்று கிறீச்சிட்டது. திரும்பி வந்த குரலில் சிரிப்பு இருந்தது.

"இருக்கும்மா. வேரோட இருக்கு. பதினொண்ணும் சரி. எல்லாம் பட்டா நிலம், ஏரிக்கு முந்நூறு மீட்டரு தள்ளி. அப்படியே எழுதிடறேன், பணம் வந்துடும். நான் இருபது ஜில்லா சுத்தியிருக்கேன், இப்படி ஒரு மேப்பு பாத்ததில்ல. யாரும்மா போட்டது?"

கமலம் பரசுராமனைப் பார்த்தாள். அவர் நெற்றியில் ஒட்டிய காசு கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை நேராக்கினாள்.

"எங்க வூட்டுக்காரருதான் சார்."

மறுமுனையில் அம்மணி இருமுவது நன்றாகவே கேட்டது.

அதற்குமேல் அந்த வீட்டில் யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. எவனோ ஒருவன் விசிலடித்தான். அவனை அதட்ட வேண்டிய தணிகாசலமே வாசலுக்கு ஓடி, "அடிங்கடா" என்றான். மேளம் கிளம்பியது. அது சாவு மேளம் மாதிரியே இல்லை.

"இன்னாடி ஆச்சு?" என்று கிருஷ்ணம்மாள் கமலத்தின் கையைப் பிடித்தாள். "எந்தம்பி ஜெயிச்சுட்டானா?"

"ஜெயிச்சுட்டாருக்கா."

கிருஷ்ணம்மாள் தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துச் சொடக்குப் போட்டாள்.

இரண்டு மணிக்கு முள்ளிப்பட்டு திரும்பி வந்தது. போனபோது பதினோரு குடும்பம், வந்தபோது அக்கம்பக்கத்தையும் சேர்த்து ஆட்டோவில் திணித்துக்கொண்டு வந்தார்கள். அம்மணி வாய்க்கரிசி போடும்போது குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். அங்கே கமலம் தணிகாசலத்தை நிறுத்தி, பரசுராமனின் போனை அவன் இடுப்பில் செருகினாள்.

"எதுக்கு அண்ணி?"

"இருக்கட்டும். அணைச்சுடாத."

திரும்பி வந்து, கழுவிவிட்ட கூடத்தில் ஈரம் இல்லாத ஒரு மூலையில் உட்கார்ந்து தன் போனைத் திறந்தாள். அவர் போன் போகிற இடத்தையெல்லாம் காட்டும் மேப்பில் பரசுராமனின் சிறிய வட்டப் படம், நரைத்த மீசையோடு, கடைத்தெருவில் நகர்ந்துகொண்டிருந்தது. பால் பூத் மூலையில் நின்றது. லாரி வந்திருக்கும். மறுபடி நகர்ந்தது.

கிருஷ்ணம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"எங்க போய்கினு இருக்கான்?"

கமலம் போனை அவள் பக்கம் சாய்த்தாள். அம்மணியும் வந்தாள். ஈரத் தரையென்றும் பாராமல் மற்றப் பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "இடது பக்கம் திரும்பிட்டாரு." "அதான் ஆத்துக்குப் போற வழி." அறுபது வருஷமாகத் தெருமுனையிலேயே நின்று திரும்பிய கிருஷ்ணம்மாள், முதல் தடவையாக முழு வழியையும் பார்த்துக்கொண்டு போனாள்.

படம் ஆற்றின் ஓரத்தில் போய் நின்றது. அதைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் விரிந்தது. பாதி மணலில், பாதி தண்ணீரில்.

"ஐயோ, தண்ணிக்குள்ளயா இருக்கான்?"

கமலம் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். போன் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். வட்டம் சுருங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"இல்லக்கா," என்றாள். "கரைமேலதான்."