திருமலைச்சாமி அழுத ஆவணி

வடகவுஞ்சியில் திருமலைச்சாமி அழுது பார்த்தவர்கள் அந்த வருஷம் ஆடி மாதம் வரை ஒருவரும் இல்லை. தகப்பனார் செத்த அன்றைக்குக்கூட, பாடைக்கு வெட்டி வந்த மூங்கில் கோணலாக இருக்கிறதென்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த மனிதர். பூண்டு வாங்க வரும் வியாபாரி தராசைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மூன்று வயல் தள்ளிக் கேட்கும்படி வைவார். அப்படிப்பட்டவர் ஆடி மாதம் ஒரு நாள், மாடு கன்றை நக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், பொலபொலவென்று கண்ணீர் விட்டார். மறுநாள் கோழிக்குத் தவிடு போடும்போது. அதற்கு மறுநாள் எதற்கென்றே தெரியவில்லை, பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

இதில் அவருக்குப் பொறுக்க முடியாத எரிச்சல் என்னவென்றால், துக்கம் என்று பெயர் சொல்லும்படி ஒன்றுமே கிடையாது. பூண்டு நன்றாக விளைந்திருந்தது. மழை நேரத்துக்குப் பெய்திருந்தது. ஆனாலும் யாரோ நனைந்த சாக்கைத் தோளில் போட்டுவிட்டுப் போனதுபோல ஒரு கனம். அந்தக் கனத்தோடு எழுந்து, அதோடு நடந்து, அதோடே படுக்க வேண்டியிருந்தது. ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் கிடைத்தாலாவது மரியாதையாக இருக்கும்.

எல்லாம் அந்த வெள்ளை மாத்திரை வந்த பிறகுதான். வைகாசியில் இரண்டு தடவை மூக்கில் ரத்தம் கொட்டிற்று, பின்மண்டையில் இடி. கோடைக்கானலில் டாக்டர் சேனாதிபதி அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் ஏறுவதைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். ரத்தக் கொதிப்பு என்றார். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், தினம் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது. மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார்: மூக்கு அடைக்கும், தூக்கம் வரும், மனசு சோர்ந்து போனால் உடனே வந்து சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் திருமலைச்சாமி ஞாபகம் வைத்துக்கொண்டார். மூன்றாவதை வழியிலேயே விட்டுவிட்டார். மனசு சோர்ந்துவிட்டது என்று சொல்வதற்காக ஒரு சம்சாரி பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து பஸ் பிடித்துப் போவானா?

மூக்கு, டாக்டர் சொன்ன வாக்குத் தவறாமல், நாலாம் நாளே அடைத்துக்கொண்டது. வீட்டுப் பரணில் கட்டுக் கட்டாகப் பூண்டு தொங்கி அடுப்புப் புகையில் காய்கிறது. தெருவில் போகிறவனுக்கு அடிக்கிற வாசனை அவருக்கு மட்டும் இல்லை. ஒரு கட்டு அழுகியதைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் தெரிந்தது. நொச்சித் தழையை வேகவைத்து ஆவி பிடித்தார். மூட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிப் பார்த்தார். வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு விடியும்போது செருப்புத் தோலாகக் கிடந்தது. பகலில் களைக்கொத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார். இத்தனையும் வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. மாத்திரைப் புட்டி கேழ்வரகுப் பானைக்குள் இருந்தது.

மறைத்ததற்குக் காரணம் மகள் வேலுத்தாய். பேத்துப்பாறை சின்னத்தாயியின் மகன் ஞானவேலுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பையன் தங்கமானவன், அவன் பேர் வீட்டில் அடிபட்டால் வேலுத்தாய் சும்மா இருக்கிற பாத்திரத்தை எடுத்துத் துலக்குவாள். சின்னத்தாயி நகையும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் தூது வந்தவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் புருஷன் நாற்பத்தைந்து வயதில் உருளைக்கிழங்குப் பாத்தியில் கொத்தோடு விழுந்தவன், பொழுது சாயும் முன்னே போய்விட்டான். ரத்தக் கொதிப்பில் தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த நோவு இருக்கிற வீட்டில் மட்டும் சம்பந்தம் வேண்டாம், இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை என்பது அவள் பேச்சு.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் பாக்கு மாற்ற வந்தார்கள். அந்த மலை ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலை பாக்குத் தட்டைப் பெண்ணைப் பெற்றவன்தான் தன் கையால் எடுத்து, கொடுத்தோம் என்று சொல்லி நீட்ட வேண்டும். பெண்ணின் தாய் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், அழாவிட்டால்தான் பேசுவார்கள். தகப்பன் கண்ணீர் தட்டில் விழக் கூடாது. விழுந்தால் மனசு ஒப்பாமல் கொடுக்கிறான் என்று அர்த்தம், அந்தப் பாக்கு கை மாறாது.

திருமலைச்சாமி தட்டை எடுத்தார். எடுத்தது எடுத்தபடி வாய் கோணியது. மேல் வெற்றிலையில் ஒரு சொட்டு விழுந்து, நரம்பைப் பிடித்து மெதுவாக வழிந்து பாக்கைத் தொட்டது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

சின்னத்தாயி காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள். மூன்றாம் நாள் அவளிடமிருந்து தாக்கல் வந்தது. ஆவணி இருபத்தெட்டு கடைசி முகூர்த்தம். புரட்டாசியில் பேச்சு வைக்க முடியாது. அன்றைக்கும் மனசு ஒப்பவில்லையென்றால் தாண்டிக்குடியில் ஒரு பெண் சொல்லியிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் வேலுத்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“உங்களுக்குப் பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிருங்கப்பா. ஊரைக் கூட்டி வச்சு அழுவாதீங்க.”

“எனக்குச் சம்மதந்தான் தாயி” என்றார் திருமலைச்சாமி. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கண்ணும் நிறைந்துவிட்டன.

“பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் பழகிப் பார்க்காத வித்தை இல்லை. பரண் ஏறி வெறும் தட்டைப் பூண்டுக் கட்டுகளுக்கு நீட்டி நீட்டிக் கொடுத்தோம், கொடுத்தோம் என்று சொல்லிப் பழகினார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். கோபம் வந்தால் அழுகை நிற்குமென்று, போன வருஷம் எடையில் ஏமாற்றிய வியாபாரியை நினைத்தார். அவன் முகம் நன்றாக ஞாபகம் வந்தது, கோபம்தான் வரவில்லை. பாவம், அவனுக்கும் நாலு பிள்ளைகள் என்று தோன்றிற்று. அன்றைக்குத்தான் திருமலைச்சாமி உண்மையிலேயே பயந்துபோனார்.

மனைவி கந்தம்மாள் சும்மா இருக்கிறவள் அல்ல. பூண்டுப் பொதி ஏற்றிப்போகும் குதிரைகளோடு பழனிக்கு இறங்கினாள். முருகனுக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டாள். யாருடைய தலை என்று சொல்லவில்லை. அடிவாரத்தில் நாட்டுமருந்துக் கடையில் போய், தெரிந்தவர் ஒருவருக்குக் கொதிப்பு இருக்கிறது, இங்கிலீஷ் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மூடி மூடிச் சொன்னாள். கடைக்காரர் ஒரு பொட்டலம் வேர் கொடுத்தார். சர்ப்பகந்தி. கொதிப்புக்கு இதற்கு மேல் மருந்து கிடையாது என்றார். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று அவள் கேட்கவில்லை. மாத்திரை சூடு, வேர் குளிர்ச்சி, ஒன்றை ஒன்று அடக்கிவிடும் என்று வரும் வழியிலேயே அவளாக முடிவுகட்டிக்கொண்டாள். திருமலைச்சாமிக்கும் அது நியாயமாகவே பட்டது. காலையில் மாத்திரை, காலையும் மாலையும் எட்டிக்காயாய்க் கசக்கிற கஷாயம்.

ஒரு வாரத்தில் அவர் அழுகை ஊற்றெடுத்துவிட்டது. எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். பெண்ணைப் பிரிகிற பாசம் என்றார்கள். முன்கோபிகளுக்குத்தான் உள்ளே ஈரம் அதிகம் என்றார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஆவணி இருபத்தாறாம் தேதி, களை எடுக்கக் குத்தவைத்திருந்தவர் எழுந்தார். மலை, வயல், மேகம் எல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. பாத்தியில் முகம் குப்புற விழுந்தார். காப்பித் தோட்டத்து ஜீப் ஒன்று அந்த வழியாக வந்தது கந்தம்மாள் நேர்ந்த மொட்டையின் புண்ணியம்தான்.

டாக்டர் சேனாதிபதி படுக்கவைத்து ஒரு தடவை, உட்காரவைத்து ஒரு தடவை பட்டை சுற்றிப் பார்த்தார். பாதரசம் இந்தத் தடவை கீழே கிடந்தது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். கந்தம்மாள் ஒன்றுமில்லை என்றாள். இன்னொரு முறை கேட்டதும் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள்.

டாக்டர் ஒரு வேரை எடுத்து முறித்து முகர்ந்தார்.

“நான் குடுத்த மாத்திரை எதுல செய்யறது தெரியுமாம்மா? இந்த வேர்லதான்.”

“வேரு நாட்டு மருந்துங்களே” என்றாள் கந்தம்மாள்.

“ரெண்டும் ஒரே சாமான். நான் ஒரு டோஸ் குடுத்தேன். நீங்க வீட்டுல வச்சு மேல ரெண்டு டோஸ் குடுத்திருக்கீங்க. இந்த அழுகை, மயக்கம், மூக்கடைப்பு எல்லாம் அதோட வேலை. மனசு சோர்ந்தா வந்து சொல்லணும்னு நான் சொன்னேனா இல்லையா?”

திருமலைச்சாமி சொன்னீர்கள் என்று ஒப்புக்கொண்டார். இத்தனை வாரமாகத் தன் சொந்த மனசு என்று நினைத்துத் தான் சண்டை போட்டதெல்லாம் ஒரு வேரோடுதானா என்று நினைத்தபோது அவருக்கு நிம்மதியும் அவமானமும் சேர்ந்து வந்தன. அதற்கும் ஒரு பாட்டம் அழுதார். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள், திங்கட்கிழமை வாருங்கள், மெட்ராஸிலிருந்து புது மாத்திரை வந்திருக்கிறது, அது மூக்கை அடைக்காது, ஒன்றுக்குத்தான் அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். திருமலைச்சாமி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நாளை மறுநாளைக்குள் அழுகை நிற்குமா என்று மட்டும் கேட்டார். உடம்பிலிருந்து இறங்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும் என்றார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் கந்தம்மாள் யோசனை மேல் யோசனையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தட்டை அவள் தம்பி நீட்டட்டும். இல்லை, கண் வலி என்று துணி கட்டிக்கொள்ளலாம். இல்லை, அடுப்பில் பச்சை விறகை வைத்துப் புகையைக் கிளப்பினால் எல்லார் கண்ணும் கலங்கும். திருமலைச்சாமி ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இருபத்தெட்டாம் தேதி காலை சின்னத்தாயி தன் ஆட்களோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். பச்சை விறகு புகைந்தது. ஆனால் காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோயிற்று. கதவுக்குப் பின்னால் வேலுத்தாயின் வளையல் சத்தம் கேட்டு, நின்றது. திருமலைச்சாமி தட்டை எடுப்பதற்கு முன்பே கண் வழியத் தொடங்கிவிட்டது. சின்னத்தாயியின் முகம் இறுகிற்று. அவள் எழுந்துகொள்ளக் கையை ஊன்றினாள்.

அவர் தட்டைத் தொடவில்லை.

“கொஞ்சம் உக்காருங்க தங்கச்சி. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. வைகாசியில இருந்து இருக்கு. ஒளிச்சு வச்சது நாந்தான், எம் மகளுக்கு இதுல சோலி இல்ல. இந்தக் கண்ணீரு அதுக்குத் திங்கிற மருந்துல இருந்து வருது, மனசுல இருந்து வரல. என்னைய அழ வேணாம்னா அது எங் கையில இல்ல. ஆனா கொடுக்க எனக்கு முழுச் சம்மதம். இனி போறதுன்னாலும் போங்க.”

கந்தம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். சின்னத்தாயி ஊன்றிய கையை எடுக்கவில்லை. எவ்வளவு நாளாக மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். மூன்று மாதம் என்றார். முன்னே தலைவலி இருந்ததா என்றாள். மண்டையைப் பிளக்கும் என்றார். இப்போது? இப்போது இல்லை என்றார்.

அவள் வெகுநேரம் பாயின் கோரையை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்:

“எங்க வீட்டு மனுசனும் ரெண்டு வருசம் தலைவலின்னு சொன்னாரு. நான் சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டேன். வெயிலு பட்டதுன்னு நெனச்சேன். இதுக்கு ஒரு மாத்திரை இருக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலண்ணே.”

அவள் கூட வந்த பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமி, நோவு ஒரு பக்கம் இருக்கட்டும், தட்டில் கண்ணீர் விழுந்தால் வழக்கம் என்ன என்று ஆரம்பித்தார்.

“நனைஞ்ச பாக்கைத் துடைச்சுக்கிடலாம் மாமா. அழுதுக்கிட்டாவது ஒரு மனுசன் உசிரோட உக்காந்து குடுக்கிறாரே” என்றாள் சின்னத்தாயி. பிறகு திருமலைச்சாமி பக்கம் திரும்பி, “நீங்க குடுங்கண்ணே” என்றாள்.

திருமலைச்சாமி தட்டை எடுத்தார். கொடுத்தோம் என்று சொன்னார். வெற்றிலை மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று விழுந்தது. அவர் தடுக்கப் பார்க்கவில்லை. சின்னத்தாயி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வந்திருந்த அத்தனை பேருக்கும் கொதிப்புக்கு ஒரு மருந்து தெரிந்திருந்தது. ஒருவர் முருங்கைக்கீரை என்றார். ஒருவர் வெறும் வயிற்றில் ஏழு பல் பூண்டு என்று, பூண்டு விளைவிக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். தர்க்கம் ஏறி, பாக்கு மாற்றிய சந்தோஷத்தையே மறந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே சின்னத்தாயி அவர் அருகில் நகர்ந்து வந்து, எந்த டாக்டர் என்று மெதுவாகக் கேட்டாள். அவர் சொன்னார். திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும் என்றும் சொன்னார்.

“அன்னிக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்கண்ணே. எனக்கும் பின்மண்டையில ஒரு வலி கெடக்கு. பையன்கிட்டச் சொல்லல.”

திருமலைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“பெருமாள்மலையில வெள்ளனே வந்து நில்லுங்க தங்கச்சி. எட்டு மணி பஸ்ஸை விட்டா மத்தியானந்தான்” என்றார். “டாக்டரு கேக்குறதுக்கெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லிருங்க.”