மிஷின் சத்தம்

படம் வெளியாவதற்கு முதல் நாள் மதியக் காட்சிக்கு இரண்டு சீட்டுகள் வந்திருந்தன. கூடவே தோழி ரேடியோவின் கோணல் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்: "சோடா, இது நம்ம கதைடி. தம்பியையும் கூட்டிட்டு வா. சிரிச்சு வயித்த வலிச்சா நான் பொறுப்பில்ல."

சோடா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஆறு வயதிலிருந்து தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் வந்த பட்டப்பெயர் அது. ரேடியோவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவள் வாயைத் திறந்தால் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை மூடமாட்டாள். இருவரும் ஒன்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். படிப்பு முடிந்ததும் ரேடியோ சினிமா எடுக்கப் போனாள். பிறகு வருடத்துக்கு ஒரு முறை வாழ்த்து வரும், அவ்வளவுதான்.

போன வருடம்தான் திடீரென்று தினமும் பேச ஆரம்பித்தாள். "நம்ம பள்ளிக்கூடக் கூத்தையெல்லாம் படமா எடுக்கப் போறேன்டி. எல்லாம் மறந்துபோச்சு, நீ சொல்லு." சோடா சொன்னாள். தப்பான அறையில் உட்கார்ந்து வேறு வகுப்புப் பரீட்சையை அரை மணி நேரம் எழுதியது, ஒருத்திக்கு ஒருத்தி முடிவெட்டிவிட்டு ஒரு மாதம் தலையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தது, இருவருமாக எழுதிய காதல் கடிதம் கணக்கு வாத்தியார் கையில் சிக்கியது. கடையை மூடியதும் போன் எப்போது வரும் என்று காத்திருக்கும் அளவுக்கு அவளுக்கு அது பிடித்துப்போனது. தொலைந்த தோழி திரும்பிவிட்டாள் என்று நினைத்தாள்.

ஒருநாள் ரேடியோ கேட்டாள்: "அந்த சலவைக் கடை விஷயம் ஞாபகம் இருக்கா?"

"அது மட்டும் வேணாம்டி."

"ச்சீ, அதையா வைப்பேன்? சும்மா பேசிட்டிருக்கோம். உன் தம்பி போன் பக்கத்துல எப்படி நிப்பான்னு உங்கம்மா சொல்லுவாங்கல்ல?"

சும்மாதானே என்று சோடா அதையும் சொன்னாள்.

தியேட்டர் நிறைந்திருந்தது. தம்பி அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தான். ரேடியோ முன்வரிசையிலிருந்து திரும்பி இரண்டு கையையும் ஆட்டினாள். படம் தொடங்கியது. கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் வாயாடிப் பெண்ணும் தப்பான பரீட்சையை வேர்க்க வேர்க்க எழுதினார்கள். தம்பி முழங்கையால் இடித்தான். "அக்கா, இது நீதானே? இவ்வளவு மக்கா நீ?" சோடாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தச் சலவைக் கடை வந்தது.

சோடாவுக்குப் பதினைந்து வயதில், தம்பிக்கு எட்டு முடிவதற்குள், அப்பா வீட்டை விட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று அம்மா தம்பியிடம் சொல்லிவைத்தாள். ஒன்பதாவது பிறந்தநாளன்று காலையிலிருந்தே அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் நின்றான். மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்த சோடா, ரேடியோவின் சித்தப்பா நடத்திய சலவைக் கடைக்கு ஓடினாள். காலி சோப்புத்தூள் டப்பாவுக்குள் வாயை வைத்துப் பேசினால் குரல் தடிக்கும் என்று கண்டுபிடித்தவள் ரேடியோ. டப்பாவையும் போனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவளும் அவளே. பின்னால் ஆறு துவைக்கும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சோடா அப்பாவாகப் பேசினாள். பதில் சொல்ல முடியாததை அவன் கேட்டபோதெல்லாம், "மிஷின் சத்தம்டா, ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினாள். போனை வைத்ததும் இருவரும் துணி மூட்டைமேல் விழுந்து சிரித்தார்கள். பிறகு சோடா அழுதாள். ரேடியோ அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். யாரிடமும் சொல்வதில்லை என்று பேச்சு. ஊர் முழுக்க ஒலிபரப்புகிற ரேடியோ, அந்த ஒன்றை மட்டும் மூச்சுவிடாமல் காத்தாள்.

இப்போது திரையில் அந்தக் கண்ணாடிப் பெண் டப்பாவுக்குள் தலையையே விட்டுக்கொண்டிருந்தாள். டப்பா தலையில் மாட்டிக்கொண்டது. தியேட்டரே ஆடியது. தம்பியும் சத்தம் போட்டுச் சிரித்தான். அடுத்து மறுமுனையில், புதுச்சட்டை போட்ட ஒரு சின்னப் பையன் விறைப்பாக நின்று கேட்டான்: "அப்பா, எப்ப வருவீங்க?"

"மிஷின் சத்தம்டா, ஒண்ணும் கேக்கல!"

ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பையன் திரும்பவும் கேட்டான். அவள் திரும்பவும் கத்தினாள். மூன்றாவது முறை தியேட்டரே அவளோடு சேர்ந்து கத்தியது. சோடா திரும்பினாள். வலப்பக்கம் சிரிப்பு நின்றிருந்தது. தம்பி திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே போனான்.

அவள் பின்னாலேயே ஓடினாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தனை தடவக்கா?"

"நாலு."

"மொத்தமே நாலு தடவதான் பேசினாரு."

அவள் தலையாட்டினாள்.

"நீச்சல் கத்துக்கோடான்னு சொன்னது?"

"நான்தான்டா. தண்ணியப் பார்த்தாலே அழுவ. அப்பா சொன்னா கேப்பன்னு..."

அவனுக்கு இப்போது வயது முப்பது. பெரிய நீச்சல்குளம் ஒன்றில் பயிற்சியாளன். "என் பொண்டாட்டிகிட்ட முதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? அப்பா விட்டுட்டுப் போயிட்டாரு, ஆனா என்னை மறக்கலன்னு சொன்னேன்." உள்ளேயிருந்து மறுபடி சிரிப்புச் சத்தம் வந்தது. "முந்நூறு பேரோட உக்காந்து நான் இதைத் தெரிஞ்சுக்கணுமா? நானும் சிரிச்சேனேக்கா!"

அவள் தொட வந்த கையைத் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் காலை சோடா ரேடியோவின் அலுவலகத்துக்குப் போனாள். மேசை நிறையப் பூங்கொத்துகள். ரேடியோ ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "எங்கடி போன? படம் முடிஞ்சு உன்னைத் தேடித் தேடி..."

"அதையா வைப்பேன்னு சொன்னியே."

ரேடியோ கைகளை எடுத்தாள். "அப்ப வைக்கிற எண்ணமே இல்லடி, சத்தியமா. எழுத எழுத, அது இல்லாம படம் நிக்கல."

"எழுதினதும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

இதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ரேடியோவுக்கே புரிந்தது. முகம் மாறியது. அவசரமாகப் பேச ஆரம்பித்தாள். "இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவன்கிட்ட எப்பவோ சொல்லியிருப்பன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணை எவ்வளவு அழகா காட்டியிருக்கேன், கடைசிவரை பார்த்தியா? எல்லாரும் அழுதாங்க. உன்னைக் கொண்டாடுறாங்கடி. அப்புறம் அது எனக்கும் நடந்ததுதானே? டப்பாவைப் பிடிச்சது நான்தானே?"

"டப்பாவைப் பிடிச்ச. ஆனா அவன் உன் தம்பி இல்ல."

"நீயும்தானே அன்னைக்கு சிரிச்ச!"

"சிரிச்சேன். உன்னோட சிரிச்சேன்." நாற்காலியில் வைத்த பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

படம் நன்றாக ஓடியது. அதுதான் அதைவிடக் கொடுமை. அந்த வசனம் தெருவெல்லாம் பரவியது. கடையில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னால், "மிஷின் சத்தம், ஒண்ணும் கேக்கல!" என்று சொல்லிவிட்டு இளைஞர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். முதலாளிகூட ஒருநாள் அதைச் சொன்னார். சோடா தலையைக் குனிந்துகொண்டு திருகாணி முடுக்கினாள்.

ஐந்து வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனச்சேன். அன்னைக்கு சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்ததும் நீ ஓடிப் போய் அப்பா பேசினாருன்னு சொன்ன. அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் உன்கிட்ட, நல்லாப் பேசினாரான்னு மட்டும் கேட்டாங்க."

அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இனிக் கேட்கவும் வழியில்லை.

"நிஜமா அவர் ஒரு தடவகூட பேசலயா?"

"இல்லடா. எங்க இருக்காருன்னுகூடத் தெரியாது."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"ஒன்பது வயசுப் பையன்கிட்ட எப்படிடா சொல்றது?"

"பத்தொன்பதுல சொல்லியிருக்கலாம்."

ரேடியோமேல் எரிந்துகொண்டிருந்த கோபத்துக்கு அடியில் இத்தனை நாள் கிடந்தது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. "தப்புதான்டா" என்றாள். அவன் தலையாட்டினான். மன்னித்ததாகச் சொல்லவில்லை. போட்டுக்கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு பிள்ளையைக் கூட்டிவருவதாகச் சொல்லிப் போனான்.

அதற்கடுத்த மாதம், கூட்டம் இல்லாத ஒரு முற்பகலில், ரேடியோ கடைக்கு வந்தாள். பார்வை மங்குகிறது, புதுக் கண்ணாடி வேண்டும் என்றாள். சோடா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அளவுகோலை எடுத்துக்கொண்டு எதிரே அமர்ந்தாள். கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க முகத்துக்கு முகம் நெருங்கித்தான் ஆகவேண்டும். ரேடியோவின் கண்கள் நிறைந்திருந்தன.

"சோடா, எதாவது பேசுடி. திட்டுடி."

சோடா அளவுகோலை அவள் மூக்குத்தண்டின்மேல் நேராக வைத்தாள்.

"ஆடாம, நேரா பாருங்க" என்றாள்.