கேரியரில் உட்கார்ந்த அண்ணன்

வாருங்கள் என் தங்கங்களே, ஃபேனுக்கு அடியில் முட்டி மோதிக்கொள்ளாமல் இப்படி என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். ராஜா கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. பழைய சைக்கிள் வாங்கப் போன ஒரு வீட்டின் கதை. சின்னதுதான். ஆனாலும் நான் முடிக்கும்போது உங்களில் ஒருத்தராவது பக்கத்தில் இருக்கிற அண்ணனையோ தம்பியையோ ஒரு தடவை திரும்பிப் பார்ப்பீர்கள். பார்க்காவிட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மோலி தன் மூன்று பிள்ளைகளோடும் கந்தசாமியின் சைக்கிள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். மைசூரில் பெரிய சர்ச்சின் இரண்டு கோபுரங்களும் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே தெரிகிற தெரு அது. மோலி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். வருகிற பிள்ளைகளை ஒவ்வொருத்தராகச் சுவரோடு நிறுத்தி, குதிகாலை ஒட்டவைத்து, தலைமேல் பலகையை இறக்கி உயரம் பார்ப்பது அவள் வேலைகளில் ஒன்று. "எக்காதே ராஜா, எக்காதே கண்ணு" என்று தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிடும். எந்தப் பிள்ளையானாலும் தன் வளர்த்தியைக் கொஞ்சம் கூட்டிக் காட்டத்தான் பார்க்கும். குறைத்துக் காட்டுகிற பிள்ளையை அவள் இத்தனை வருஷத்தில் கண்டதில்லை. கண்டதில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

மோலியின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிள் என்று ஒன்று வாங்கினால் அது மூத்தவன் லாய்டுக்கு. அவன் ஓட்டிக்கொண்டிருந்தது அடுத்தவன் கார்லுக்கு இறங்கும். கார்லுடையது கடைக்குட்டி நிம்மிக்கு இறங்கும். ஒரு வண்டி உள்ளே வந்தால் மூன்று பிள்ளைகளுக்கும் வண்டி மாறும். அன்றைக்கு வீட்டில் ரவையில் கிண்டின கேசரிபாத். அவள் புருஷன் எட்வர்ட், பள்ளிக்கூட வாத்தியார், மூன்று வண்டிகளையும் வாசலில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு சீட்டின் மேலும் கை வைத்து ஜெபம் சொல்லுவான். வந்த வண்டி எல்லாமே யாரோ ஓட்டிக் கழித்த பழைய வண்டிதான். ஆனால் அந்த ஜெபத்துக்கு அப்புறம் அதைப் பழசு என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கோடையில் லாய்டு பத்தாவது முடித்திருந்தான். ஜூனில் காலேஜ், அங்கே பதினொன்றாவதே காலேஜ்தான்; அதுவும் ஊருக்கு அந்தப் பக்கம். கார்லோ ஒன்பதாவதுக்குப் போகிறவன். அவன் ஓட்டுகிற நீல வண்டியில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டிருந்தது. ஆகவே வாங்கியே தீர வேண்டும். இதோடு மோலிக்கு இன்னொரு கவலையும் சேர்ந்திருந்தது, கார்லின் முதுகு. கிறிஸ்துமஸிலிருந்து பையன் கூன் போட்டே நடக்கிறான். புத்தகப்பை கனம் என்று நினைத்து பையை மாற்றினாள். கால்சியம் மாத்திரை கொடுத்தாள். ராத்திரி எண்ணெய் தேய்த்து நீவிவிட்டாள். நிம்மி சர்ச்சில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த குடும்பப் படத்தில்கூட அவன் நிற்காமல் படியில் போய்க் குந்திக்கொண்டான். அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் காட்டுவதாக இருந்தாள்.

கொட்டகைக்குள் சைக்கிள்கள் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி உயரவாரியாக நின்றன. முன்னால் பக்கச் சக்கரம் வைத்த குட்டி வண்டிகள், ஹேண்டில்பாரில் வெளுத்த குஞ்சம். பின்னால் போகப் போகப் பெரியவை. கந்தசாமி தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ராமாபுரத்துக்காரர். கைத்துண்டில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்கம்மிணி. நீல வண்டி எடுத்துட்டுப் போனீங்களே, இன்னும் ஓடுதுங்களா?"

"வண்டி ஓடுது. ஓட்டறவங்கதான் வளந்துட்டாங்க."

"அது நம்ம பொழப்புக்கு நல்லதுங்க. பிள்ளைங்க வளராம நின்னு போனா நான் இந்த டயரையா கடிச்சுத் தின்றது?"

சொல்லிவிட்டு உள்ளேயிருந்து ஒரு பச்சை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரும்பச்சை, நெடுநெடுவென்று உயரம், மட்கார்டில் ஒரு கீறல் இல்லை. பெல் மட்டும் வெள்ளிக் கிண்ணம் போல மின்னியது. மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"மழைத்தண்ணி படாத வண்டிங்க. அப்பார்ட்மென்ட்ல நின்னது." கந்தசாமி சீட்டைத் தட்டினார். "பெரிய தம்பி, வா சாமி. ஏறி உக்காரு." அவர் கூப்பிட்டது கார்லை.

நிம்மிதான் முதலில் க்ளுக்கென்று சிரித்தாள். கார்லின் தலை தோளுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"பெரியவன் நானு" என்றான் லாய்டு.

"அட, தப்பா நெனச்சுக்காத கண்ணு. கண்ணாடி போடாம வந்துட்டேன்." கந்தசாமி நாக்கைக் கடித்துக்கொண்டு சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினார். லாய்டு ஏறினான். வலது கால் பெடலில், இடது கால் காற்றில். நுனிவிரலால் தரையைத் தேடினான். தரை இரண்டு விரல் கீழே இருந்தது.

"அதெல்லாம் எட்டிரும். வளர்ற பையன். மழை புடிக்கறதுக்குள்ள காலு தன்னால கீழ வந்துரும்" என்றார் கந்தசாமி.

அது அப்படி வராது என்பது அங்கே மோலி ஒருத்திக்குத்தான் தெரியும். லாய்டுக்குப் பதிமூன்றிலேயே மீசை அரும்பிவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நின்றுவிடும் என்று டாக்டர் எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். லாய்டு அப்பாவைக் கொண்டு பிறந்தவன். எட்வர்டும் உயரமில்லை. இதை எந்த வாயால் பிள்ளையிடம் சொல்வது? 'உனக்கு இது வேண்டாம்' என்று இந்த இடத்தில் சொன்னால், 'நீ இவ்வளவுதான்' என்று சொன்னதாக ஆகிவிடும். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் கொடுத்தாலோ, டவுன் நடுவில் சிக்னலுக்குச் சிக்னல் பிள்ளை சாய்ந்து விழ வேண்டும். அவளுக்கு அந்தப் பச்சை வண்டியை அப்படியே திருப்பி உள்ளே தள்ளிவிடலாமா என்றிருந்தது.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்று லாய்டு மிதித்தான். ஓட்டத் தெரிந்த பையன்தானே, தெருக்கோடி வரைக்கும் நேராகப் போனான். திரும்பினான். வந்து நிறுத்துகிற இடத்தில்தான் வண்டி சாய்ந்தது. அது தரையைத் தொடுவதற்குள் கார்ல் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்து, அண்ணனைத் தன் தோளில் தாங்கிக்கொண்டான். லாய்டு அவனைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். வண்டி நிமிர்ந்து நின்றது. கார்ல் நிமிரவில்லை.

"ஏன்டா இன்னும் குனிஞ்சே நிக்கற?"

"சும்மாண்ணா."

மோலிக்குப் பழக்கதோஷம், வாய் வந்துவிட்டது. "எத்தனை தடவை சொல்றது கார்ல்? இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

"மாத்திரை எதுக்கு மம்மி?" என்றாள் நிம்மி. குட்டி வண்டி ஒன்றின் குஞ்சத்தைப் பின்னிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "அவன் முதுகுக்கு ஒண்ணும் ஆகலை. லாய்ட் அண்ணா வந்தா மட்டும்தான் குனிவான். அண்ணா டியூஷன் போயிட்டா நேரா நின்னு பரண்ல இருக்கற பிஸ்கட் டின்ன எடுத்துத் தருவான்."

"நிம்மி, சும்மா இரு!" கார்லின் காது இரண்டும் சிவந்துவிட்டது.

"ஏன் சும்மா இருக்கணும்? மம்மியும்தான் டாடி பக்கத்துல நின்னா குனியறாங்க. அது உங்க ரெண்டு பேர் ஸ்டைல்."

மோலிக்குத் தன் கல்யாணத்தன்று ஹீல்ஸ் வேண்டாம் என்று தட்டைச் செருப்பு போட்டது நினைவுக்கு வந்தது. எட்வர்டைவிட அவள் ஒரு விரல் உயரம். அவன் ஒரு நாளும் அதைப் பேசினதில்லை. போட்டோக்காரன் 'கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க' என்றபோது அவளாகத்தான் தோளைத் தாழ்த்தினாள். அன்பு என்று நினைத்துத்தான் தாழ்த்தினாள்; அப்புறம் அது தோளின் பழக்கமாகவே போயிற்று. அதை ஒரு பிள்ளை பார்த்துப் படித்துக்கொண்டிருக்கும் என்று அவள் எங்கே கண்டாள்! எண்ணெய் போட்டு நீவினாளே, அந்த முதுகுக்குள் இருந்தது வலி இல்லை, அண்ணன்.

லாய்டின் முகம் கறுத்திருந்தது. குள்ளம் என்று யாராவது கேலி செய்திருந்தால் அவன் சண்டைக்குப் போயிருப்பான். தம்பி இரக்கப்பட்டிருக்கிறான் என்றால் யாரோடு சண்டை போடுவது? அவன் டயர் குவியல் வரைக்கும் போய், ஒரு டயரைக் காலால் எத்திவிட்டு நின்றான். மோலி கூப்பிடவில்லை. கந்தசாமிகூட செயினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் குனிந்துகொண்டார். அப்புறம் லாய்டு தானே திரும்பி வந்தான்.

"வாடா இங்க. முதுகோட முதுகு வெச்சு நில்லு."

"பேடா அண்ணா, வேண்டாம்" என்றான் கார்ல். வெட்கம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

"வான்னா வா. மம்மி, நீங்க பாருங்க. ஆஸ்பத்திரில பாக்கற மாதிரி."

இரண்டு பிள்ளைகளும் முதுகு ஒட்டி நின்றார்கள். மோலி பக்கத்தில் போனாள். கை தன்னால் வேலையைத் தொடங்கியது. தாடையைப் பிடித்து நேராக்கினாள், குதிகாலைப் பார்த்தாள். "எக்காத லாய்டு" என்றாள். அவன் எக்கவில்லை, பாதம் தரையோடு தரையாக இருந்தது. அடுத்த வார்த்தையை அவள் அதற்கு முன்னால் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. "குனியாத, கார்ல்."

அவன் கொஞ்சம் நிமிர்ந்தான்.

"முட்டிய மடக்காதடா" என்றான் லாய்டு, திரும்பாமலே. "எனக்கு முதுகுல தெரியுது."

கார்ல் மூச்சை இழுத்து முழுசாக நிமிர்ந்தான். எத்தனையோ மாசம் சுருட்டி வைத்த பாயைப் பிரித்த மாதிரி இருந்தது மோலிக்கு. அவள் உள்ளங்கையை லாய்டின் உச்சந்தலையில் வைத்து அப்படியே பின்னால் நகர்த்தினாள். கை கார்லின் பின்னந்தலையில் போய் இடித்தது. இன்னொரு கையால் விரல் வைத்துப் பார்த்தாள். குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. இல்லை, இதற்குமேல் இந்த வீட்டில் யாரும் எதையும் குறைக்க வேண்டாம்.

"நாலு விரல் ஜாஸ்தி, உன் தம்பி" என்றாள்.

லாய்டு, "இவ்ளோதானா?" என்றான். "ஒரு முழம் இருக்கும்னுல்ல நெனச்சேன்."

"உனக்குத் தெரியுமாண்ணா?"

"உனக்குக் குடுத்த என் பேன்ட்டு உன் கணுக்காலுக்கு மேல நிக்குதே, அது எனக்குத் தெரியாதா? கண்ணு என்ன பரண்லயா இருக்கு?" சிரிப்பு வந்தும் வராமலும் அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. "வண்டி உனக்கு. நான் ஓட்டற சிவப்பு வண்டி எனக்குச் சரியாத்தான் இருக்கு. நீலம் நிம்மிக்கு."

"நீ பெரியவன் இல்லியா? புதுசு உனக்குத்தானே..."

"பெரியவன்தான். அதனாலதான் சொல்றேன். பெல்லு மட்டும் நான் எடுத்துப்பேன், என் வண்டியில மாட்டிக்க."

"பெல்லு இல்லாம நான் எப்படிப் போறது?"

"நான் பின்னாடி உக்காந்து கத்தறேன். வீடு வரைக்கும் நீதான் மிதிக்கணும். அண்ணன் கேரியர்ல வருவான்."

கந்தசாமி ஸ்பேனரை எடுத்து பெல்லைக் கழற்றினார். "நல்ல பங்காளிங்க போ" என்று சிரித்துக்கொண்டே சீட்டை ஆட்டிப் பார்த்து, அதே வேகத்தில் இறுக்கி முறுக்கினார்.

இப்படியாக அந்தப் பச்சை வண்டி தெருவுக்கு வந்தது. கார்ல் ஏறி உட்கார்ந்தான். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பதிந்தன. லாய்டு கேரியரில் முன்பக்கம் பார்த்து உட்காரவில்லை. தம்பியின் முதுகில் தன் முதுகைச் சாய்த்து, பின்பக்கம் பார்த்து, அம்மாவுக்கும் தங்கைக்கும் எதிர்முகமாக உட்கார்ந்தான், பல்லக்கில் போகிற ஜமீன்தார் மாதிரி. கையில் பெல். வண்டி கிளம்பியது. முதல் மேட்டில் கார்லின் முதுகு பழக்கத்தில் வளையப் பார்க்க, லாய்டு முழங்கையால் பின்னால் ஒரு இடி கொடுத்தான். முதுகு நிமிர்ந்தது. பெல் ஒலித்தது.

"மம்மி, என்னோட நீல வண்டிக்குக் குஞ்சம் வாங்கலியே" என்று நிம்மி கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கலாம் வாங்கலாம்" என்றாள் மோலி, கண்ணை எடுக்காமல். வீட்டில் எட்வர்ட் பேப்பர் திருத்தி முடித்து வந்திருப்பான். ரவையை வறுக்க வேண்டும். மூன்று வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி அவன் ஜெபம் சொல்லும்போது அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். எப்படி நிற்பது என்று யோசித்தாள். நடந்துகொண்டே தோள்களை ஒரு தடவை மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். என்னவோ, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டது போலக் கூச்சமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. தூரத்தில் கோபுரங்களுக்கு நடுவே வெயில் சரிந்துகொண்டிருந்தது. எதிர்முகமாக உட்கார்ந்திருந்த லாய்டின் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. அவன் சிரிக்கிறானா, கண்ணில் வெயில் பட்டு முகத்தைச் சுளிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெல் சத்தம் மட்டும் தெருத் திருப்பம் வரைக்கும் விடாமல் கேட்டது.

அவ்வளவுதான் என் தங்கங்களே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிலைப்படியில் தலை இடிக்கிற அளவுக்கு வளரட்டும். இடித்தால் தேய்த்துவிட ஒரு கை பக்கத்திலேயே இருக்கட்டும். மிதிக்கிறவனுக்கு மூச்சும் பின்னால் உட்கார்ந்தவனுக்குச் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். உங்கள் வாசல் சுவரில் என்றைக்கும் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கட்டும்.