பதினொரு மாத வயிறு

கையில் புத்தகமும் பென்சிலுமாக ஆட்களைப் பார்த்துக்கொண்டு திரிகிற ஆம்பிளையை நான் நம்ப மாட்டேன். அதிலும் எழுபத்துநாலாம் ஆண்டு. பேக்கரியில் பாணுக்கு விடியக்காலையில் வரிசை, அரிசிக்குத் தடை என்று நாடே ஒடுங்கிப் போயிருந்த நேரம். மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கடலில் போகிற லோஞ்சில் ஒருத்தன் எனக்கு நேரெதிரே குந்தியிருந்து, என்னைப் பார்ப்பதும் குனிந்து படம் கீறுவதுமாக இருந்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது?

எனக்குப் பதறுவதற்குக் காரணம் இருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது ஐந்து கொத்து அரிசி.

மகள் றம்ஸியாவைத் திருகோணமலை டவுனில், ஜமாலியாவில் கட்டிக்கொடுத்திருந்தோம். மருமகன் அன்ஸார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். குணத்தில் ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனால் கூப்பன் அரிசி இரண்டு நாளைக்குக் காணாது, மிச்ச நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்குதான். மூதூரில் எங்கள் சொந்த வயல் நெல் அறை முட்டக் கிடக்கிறது, கடலுக்கு அங்கால் என் பிள்ளை கிழங்கைத் தின்று வயிற்றில் தங்காமல் சத்தி எடுக்கிறாள். ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகக் கூடாதென்று சட்டம். டவுன் ஜெட்டியில் ஓர் ஒவ்வீசர் நின்று இறங்குகிறவர்களின் பையைக் கிண்டுவார். எந்தத் தாய்தான் அந்தச் சட்டத்தைக் கேட்பாள்? நான் ஒரு துணிப்பை தைத்து, அரிசியை நிரப்பி வயிற்றில் கட்டி, மேலே சேலையைச் சுற்றி முக்காட்டையும் இழுத்துவிட்டேன். நாற்பத்தாறு வயதில் பிள்ளைத்தாய்ச்சி ஆனேன்.

என் புருஷன் அபூதாஹிர், தன்னைக் கேட்காமலே பிள்ளை உண்டாகிவிட்டதே என்று சிரித்துச் சிரித்துப் பாயில் புரண்டார். மனிசனுக்கு எல்லாம் விளையாட்டு. ஜெட்டி ஒவ்வீசர் ஒருமுறை எத்தனை மாதம் என்று கேட்டார், ஏழு என்றேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டார், எட்டு என்றேன். கிழமைக்கு இரண்டு தரம் காலையில் நிறைவயிற்றோடு போய், பின்னேரம் வெறுவயிற்றோடு திரும்புவேன். இப்படியே பதினொரு மாதம். உலகத்தில் எந்தப் பொம்பிளையும் இவ்வளவு காலம் சுமந்திருக்க மாட்டாள்.

படம் கீறுகிறவரின் பெயர் ஆனந்தராசா. கட்டைபறிச்சான் பக்கத்து ஆள், துறைமுகத்தில் கிளாக்கர், முப்பத்தைந்து வயதிருக்கும். தினமும் இதே லோஞ்சில் போய் இதே லோஞ்சில் வருவார். ஏறிக் குந்தியதும் பையிலிருந்து நீல மட்டை போட்ட கொப்பியை எடுப்பார். கயிற்றுச் சுருள், தண்ணீர் வாளி, நித்திரை கொள்கிறவரின் குதிக்கால், கூடைக்குள் கோழி என்று கண்டதையெல்லாம் கீறுவார். ஒரு நாளைக்கு ஒரு பொருள், ஒரு ஆள், இதுதான் தன் கணக்கு என்று எல்லாருக்கும் சொல்வார். மழை பெய்தாலும், லோஞ்ச் ஆடினாலும், கை சரியாக வராவிட்டாலும் விடக்கூடாதாம். அப்படி விடாமல் செய்தால்தான் கண் பழகுமாம். மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் கேட்கவில்லை. கூலி வாங்காமல் ஒருத்தன் தினமும் ஒரு வேலையைச் செய்தால் அதற்குப் பின்னால் யாரோ கூலி கொடுக்கிறான் என்பதுதான் என் எண்ணம்.

முட்டை விற்க டவுனுக்குப் போகிற பரீதா என் பக்கத்தில்தான் இருப்பாள். அவள் ஒருநாள் என் காதைக் கடித்தாள். ஜெட்டி ஒவ்வீசரும் கிளாக்கரும் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்ததைக் கண்ணால் கண்டாளாம். ஒவ்வீசர் அந்தக் கொப்பியைத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தாராம். சீஐடிக்காரன்தான், சந்தேகமில்லை என்று நினைத்தேன்.

அடுத்த பயணத்தில் அவர் கொப்பியைப் பக்கத்து ஆளுக்குக் காட்டும்போது கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அல்லாஹ்வே! இடது தாளில் நான், ஊதிய வயிற்றோடு. வலது தாளிலும் நான்தான், அதே சேலை, அதே முக்காடு, வயிறு மட்டும் பலகை மாதிரித் தட்டை. இரண்டுக்கும் கீழே ஒரே திகதி. எனக்கு எழுத்து ஓடாது, இலக்கம் தெரியும். காலையில் இருந்த பிள்ளை பின்னேரம் எங்கே போனது? இதைக் கேட்பதற்கு ஒவ்வீசருக்குப் பெரிய மூளை தேவையில்லை.

இரவு புருஷனிடம் சொன்னேன். அந்த மனிசன் பொழுதுபோக்குக்குக் கீறுகிறார், நீ பேயைக் கண்டவள் மாதிரி நடுங்காதே என்றார். பொழுதுபோக்குக்குத் திகதி எதற்கு என்று கேட்டேன்.

இரண்டு கிழமை போகாமல் இருந்தேன். அந்த நேரம் பார்த்து, நிறைமாதமாக இருந்த றம்ஸியாவுக்குப் பிள்ளை பிறந்தது, பெண்பிள்ளை. அன்ஸார் ஆளனுப்பியிருந்தார். பெற்றவளுக்குப் பால் சுரக்கவில்லை, கஞ்சிக்கு அரிசி இல்லை, குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதாம். கேட்டதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு கிளாக்கரின் கொப்பிக்குப் பயந்து என் பேத்தி பட்டினி கிடப்பதா? அரிசி போகத்தான் வேண்டும். ஆனபடியால் கொப்பிதான் இல்லாமல் போக வேண்டும்.

அன்று நேரே அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன். துறைமுக வாயிலைத் தாண்டும்போது லோஞ்ச்காரன் கயிறு பிடிக்க ஆள் கூப்பிட்டான். ஆனந்தராசா கொப்பியைப் பலகையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். எல்லாரும் கரையைப் பார்த்தார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்கிறவள் மாதிரிக் குனிந்து, கொப்பியை எடுத்து வயிற்றில் அரிசிப்பைக்கு மேலே செருகிக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் பலகையைப் பார்த்தார், கீழே பார்த்தார், பையைக் கொட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. இரண்டு வருடக் கொப்பி என்று லோஞ்ச்காரனிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. இறங்குகிறபோது லோஞ்ச்காரன் அதைச் சத்தமாக ஜெட்டியில் சொல்லிவிட்டான். ஒவ்வீசருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய முகமும் அந்தக் கொப்பியில் இருந்ததாம். ஒருத்தரும் நகரக் கூடாது, எல்லாரையும் சோதிக்க வேண்டும், பொம்பிளைகளைச் சோதிக்க உள்ளேயிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிடு என்று கத்தினார்.

நானே எடுத்து நானே தலையில் கொட்டிக்கொண்ட நெருப்பு. பதினொரு மாதமாக என் வயிற்றில் யாரும் கை வைக்கவில்லை. இன்றைக்குக் கை வைத்தால் அரிசியும் போகும், மானமும் போகும், கோட்டு வழக்கென்றும் இழுப்பார்கள், குழந்தைக்குக் கஞ்சியும் இல்லை.

ஆனந்தராசா வரிசையை ஒரு முறை பார்த்துக்கொண்டு வந்தார். தினமும் ஆட்களைப் பார்க்கிற அதே பார்வை. என் வயிற்றில் வந்து அது நின்றது. நான் குனிந்து பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய வயிற்றில், சேலைக்குள்ளே கொப்பியின் மூலை கூராகத் துருத்திக்கொண்டிருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். சாகிற நேரம் சொல்கிற கலிமாவே வாயில் வந்துவிட்டது.

அவர் ஒவ்வீசரிடம் திரும்பினார். "விடுங்கோ சேர். இப்பதான் ஞாபகம் வருது, கயிறு பிடிக்கக் குனியேக்க தண்ணிக்குள்ள விழுந்திட்டுது" என்றார். ஒவ்வீசர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். இவர் இரண்டு தரமும் அதையே சொன்னார். பிறகு என்னிடம் வந்து, தன் சாப்பாட்டுப் பையை நீட்டினார். "ராத்தா, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, நான் செருப்பு வாரைக் கட்டவேணும்."

அந்தப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒவ்வீசரைத் தாண்டி நடந்தேன். கேற்றுக்கு வெளியே வந்ததும் பையை வாங்கிக்கொண்டு கந்தோர் வேலைக்குப் போனார். அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. இதற்குப் பதிலாக என்ன கேட்கப் போகிறானோ என்றுதான் ஜமாலியா வரைக்கும் யோசித்துக்கொண்டு போனேன்.

றம்ஸியா கஞ்சி குடித்தாள். கிண்ணத்தை வழித்து விரலையும் நக்கினாள். குழந்தை அவள் மடியில் அடங்கிக் கிடந்தது. நான் கொப்பியை விரித்தேன். முன் தாள்களில் கோழி ஆடு மாதிரி இருந்தது, மனிசர் மூட்டை மாதிரி இருந்தார்கள். போகப் போகத் திருந்தி வந்திருந்தது. நானும் முதலில் ஒரு மூட்டைதான். கடைசித் தாள்களில் அச்சாக நான். இடது கையை வயிற்றின் மேல் வைத்திருந்த விதம், உள்ளே மெய்யாகவே பிள்ளை இருப்பது மாதிரி. நான் அப்படிக் கை வைப்பது எனக்கே தெரியாது. என்னை யாரும் அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. கெட்டவன் பார்க்கிற பார்வையல்ல அது என்று அப்போதுதான் விளங்கியது.

பின்னேர லோஞ்சில் அவர் வெறுங்கையோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பியை நீட்டினேன். வாங்கிப் புரட்டி, ஒன்றும் கிழியவில்லை என்று கண்டபிறகுதான் மூச்சு விட்டார்.

"என்ர மகளுக்குத்தான் தம்பி கொண்டுபோறனான். பிள்ளை பெத்தவள்" என்றேன்.

"தெரியும் ராத்தா. கனநாளாத் தெரியும்" என்றார். "நீங்கள் என்னட்டக் கேட்டிருந்தாக் கிழிச்சுத் தந்திருப்பன்."

சொன்னவர் என் தாள்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கிழிக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன், ஆனால் செவ்வாய்க்கிழமை மறுபடி அரிசி போக வேண்டுமே. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் வேறு யாரோ, வேறு எதுவோ இருந்தது. அவற்றையும் சேர்த்துத்தான் கிழித்தார். அறுபது, எழுபது தாள் இருக்கும். கொப்பி பாதியாக மெலிந்துவிட்டது. கிழித்த தாள்களை என் கையில் தந்தார். ஒன்றையாவது ஒளித்து வைக்க மனம் துடித்தது. அடையாள அட்டைக்குப் பிடித்த ஒன்றைத் தவிர எனக்கு வேறு படமே இல்லை. வைக்கவில்லை. கிழித்துக் கிழித்துக் கொட்டியாரக் குடாவில் போட்டேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கவே போட்டேன். முக்காட்டுக்குள் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை அரிசி கட்டிக்கொண்டு ஏறி, பரீதாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். ஆனந்தராசா எதிரே வந்து குந்திக் கொப்பியை எடுத்தார். எங்கள் பக்கம் பார்த்துப் பார்த்து வெகுநேரம் கீறினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜெட்டிக்குக் கிட்ட வந்ததும் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். பரீதா இருந்தாள், அவளுடைய முட்டைக் கூடை இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நான் இருந்த இடத்தில் வெறும் பலகை மட்டும், மரத்தின் கணுக்கூடத் தெரிகிற மாதிரி, சுத்தமாகக் கீறியிருந்தார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று தெரியும். தெரிந்தும் எனக்கு நெஞ்சு வலித்தது.