பருந்து பேசக்கூடாது

துரை அண்ணா பருந்தை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு எடுத்து வந்தார். தாம்பரம் மேற்கில், டீக்கடை வாசலில், பையின் வாயிலிருந்து நீல இறகு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போண்டா தின்றுகொண்டிருந்தவர் அதையே பார்த்தார்.

"ரெண்டு வாட்டி தோச்சிட்டேன் சத்யா. மூஞ்சி மட்டும் தோய்க்க முடியல, வெய்யில்ல வெச்சி எட்தேன். உள்ள வாசனை அட்ச்சா அண்ணன நெனச்சிக்கோ."

"வாசனை அடிச்சாதான் நினைக்கணுமா?"

"வேற இன்னா கீது என்கிட்ட? ஒம்போது வருசம் நின்னேன். பேசினது பூரா நீ."

நீலப்பருந்து என்பது ஜெபராஜ் சார் வரைந்து, குரோம்பேட்டையில் அச்சடித்து, ஆறு இதழோடு நின்றுபோன காமிக்ஸ். புத்தகம் நின்ற பிறகும் பருந்து நிற்கவில்லை. பிறந்தநாள் விழாக்களில் அந்தக் கதையை நடித்துக் காட்டினோம். பருந்து, துரை அண்ணா. அதன் கூட்டாளி மைனா, நான். சாரின் கதையில் ஒரு விதி உண்டு: பருந்து பேசினால் அதன் பலம் போய்விடும். அதனால் அது சொல்ல வேண்டியதையெல்லாம் மைனாதான் சொல்லும். "பருந்து என்ன சொல்றார்னா..." என்றுதான் என் ஒவ்வொரு வாக்கியமும் தொடங்கும்.

உண்மையில் துரை அண்ணா முகமூடிக்குள் வாய் ஓயாமல் பேசுவார். பக்கத்தில் நிற்கும் எனக்கு மட்டும் கேட்கும். "சீக்கிரம் முடிம்மா, வேர்த்து ஊத்துது." "அந்த செவப்பு சட்ட பையன் என் வால புட்சிகினு கீறான், இன்னான்னு கேளு." நான் உடனே குரலை உயர்த்துவேன்: "பருந்து என்ன சொல்றார்னா, சிவப்புச் சட்டை போட்டவங்க எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்கணும்!"

"வேஷத்த எதுக்குண்ணா விடற? உண்மையச் சொல்லு," என்றேன்.

அவர் டீ கிளாஸைச் சுற்றினார். "கூடுவாஞ்சேரில பாத்தல்ல. கடல்ல போட்டு ஆட்டினாலும் ஆடாதவன் நான். மொட்டமாடி சுவத்தாண்ட நின்னா பூமி சுத்துதுன்னா எவன்கிட்ட போய் சொல்றது? எங்க குப்பத்துல சிரிப்பானுங்க."

கூடுவாஞ்சேரியில் நடந்தது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். விழாவில் மைனா ஒவ்வொரு குழந்தையிடமும் போய்க் காதை நீட்டுவாள். உனக்கு எதுக்குப் பயம், என் காதுல மட்டும் சொல்லு. கேட்டதையெல்லாம் வாயில் கவ்விக்கொண்டவள் போல மாடிக்கு ஓடி, அங்கே நிற்கும் பருந்தின் கையில் கொட்டுவாள். பருந்து இறக்கையை விரித்து, எல்லாப் பயத்தையும் சுவருக்கு அப்பால் வீசிவிட்டு இறங்கி வரும். அன்று அது இறங்கி வரவில்லை. நான் மேலே ஓடிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எழுந்துக்க முடில சத்யா," என்றார். நான் கீழே வந்து பதினோரு நிமிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை. குழந்தைகள் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

பையை வாங்கிக்கொண்டேன். பருந்தாக எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஒன்பது வருடமாகப் பேசியவள் நான். கடைசியில் குழந்தைகள் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டது அவரை. என்னைக் கடந்து ஓடும்போது அவர்களுடைய முழங்கை என் இடுப்பில் இடிக்கும். அந்த இடியை நான் வீடு வரை எடுத்துப் போவேன்.

வீடு பீர்க்கன்கரணையில். ஒரு காலத்தில் எங்கள் வயலாக இருந்த இடத்தில் இப்போது எங்களுடைய ஆறு வாடகைப் போர்ஷன்கள். அம்மா முத்தாலம்மாள் வாசலில் நாற்காலி போட்டு, யார் வீட்டு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாடி அது, கோழியா?"

"பருந்து."

"ரெக்க மொளைச்சிடுச்சா! குருவியா இருந்தப்பவே ஊர் சிரிச்சுது. முப்பத்தெட்டு வயசாவுது உனக்கு."

"மைனாம்மா. குருவி இல்ல."

"எதுவோ ஒண்ணு. அந்த வேஷத்தப் போட்டாதான் உனக்கு வாய் தொறக்குது. வூட்ல ஒரு வார்த்தை பேசறியா நீ?"

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வாரம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். சுவரோரம் நின்று ஏரியைப் பார்த்தேன். தலை சுற்றவில்லை. இறங்கினேன், மறுபடி ஏறினேன். மத்தியானத்தில் கதவைத் தாழிட்டு முகமூடியைப் போட்டுப் பார்த்தேன். அலகின் இரண்டு துளை வழியாக உலகம் இரண்டு துண்டாகத் தெரிந்தது. உள்ளே தைல வாசனையும் பழைய வியர்வையும். "பருந்து என்ன சொல்றார்னா" என்று சொல்லிப் பார்த்தேன். என் மூச்சே திரும்பி வந்து முகத்தில் மோதியது. பருந்து ஒன்றும் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன் என்பதுதான் வெட்கமாக இருந்தது.

ஜெபராஜ் சார் தோளில் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தார். பூட்ஸுக்குள் குதிகால் உயரத்துக்குக் கட்டை வைத்தார். "பெருங்களத்தூர் அப்பார்ட்மெண்ட்ல மூணாவது வருஷமா கூப்பிடறாங்க. ஆள் மாறினது தெரியவே கூடாது. பருந்து அதே பருந்து, மைனா அதே மைனா."

மைனாவாக அனுப்பிரியா வந்திருந்தாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. என் மஞ்சள் அலகு அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. என் வரிகளை என்னைவிட வேகமாகச் சொன்னாள்.

"சரியா சொல்றேனா அக்கா?"

"நல்லா சொல்ற." அது நிஜம்தான். அதுதான் என்னைக் குடைந்தது.

"சனிக்கிழமை ஒழுங்கா வந்தா பருந்து உங்களுக்குத்தான்," என்றார் சார். "வரலைன்னா ஜாய்சன்னு ஒரு ஜிம் பையன் கேட்டுட்டே இருக்கான்."

"அப்போ நான் பழையபடி மைனாவா?"

அவர் அனுப்பிரியாவைப் பார்த்தார், பிறகு ஊசியைப் பார்த்தார். "அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேனே சத்யா."

ஆக, சனிக்கிழமைக்குப் பிறகு ஒன்று நான் பருந்து, இல்லையென்றால் ஒன்றுமில்லை. பதினோரு நிமிடம் பேசத் தெரிந்தவளுக்கு ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டேன்.

பிறந்தநாள் ஜென்சிக்கு. ஏழு வயது. போன வருடம் அவள் என் காதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: மேல் வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள், அவருக்குக் கால் இல்லை, நாற்காலியே நடக்கிறது, எனக்கு அதுதான் பயம். "யார்கிட்டயும் சொல்லாத. பருந்துகிட்டகூட சொல்லாத. பிராமிஸ் பண்ணு." நான் சத்தியம் செய்துவிட்டு மாடி ஏறினேன். மற்றவர்களுடையதைக் கொட்டினேன். அவளுடையதைச் சொல்லவில்லை. குழந்தையிடம் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று அன்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் மூன்றாவது மாடிக்கு மேலே, மொட்டை மாடியில் நின்றேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் பலூன்கள். அனுப்பிரியா ஓடி வந்து என் கையில் பயங்களைக் கொட்டினாள். "பல்லி, டென்டிஸ்ட், மேத்ஸ் மிஸ், பேய் ரெண்டு," என்று மூச்சு வாங்கினாள். "பர்த்டே பேபி மட்டும் எதுவுமே சொல்லலக்கா. மொறைக்கறா."

இறக்கையை விரித்தேன். கீழே கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சல் என்னை நோக்கி வந்தது. ஒன்பது வருடமாக நான் முதுகில் மட்டும் உணர்ந்த சத்தம் அது. ரயில் பாதைப் பக்கமாகக் கையை வீசினேன். எனக்குள் என்னவோ நிமிர்ந்தது. அப்போது யாராவது கேட்டிருந்தால், இதற்காக எதையும் கொடுப்பேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இறங்கி வந்தேன். குழந்தைகள் ஓடி வந்து கால்களைக் கட்டிக்கொண்டார்கள். ஜென்சி மட்டும் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேக் மேசையோரம் நின்றாள்.

"பருந்து என்ன சொல்றார்னா," என்று அனுப்பிரியா ஆரம்பித்தாள், "ஜென்சி பாப்பா வந்து ஒரு பெரிய ஹக்..."

"நீ அந்த மைனா இல்ல."

"அச்சோ, அதே மைனாதான் செல்லம்!"

"அப்போ போன வருஷம் நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? சொல்லு."

அனுப்பிரியா என்னைப் பார்த்தாள். முகமூடியைப் பார்த்து என்ன பயன்? "எவ்ளோ பேர் சொல்றாங்க! மைனாக்கு மறந்து போச்சே."

ஜென்சி அழவில்லை. அழுதிருந்தால் நான் பேசாமல் நின்றிருப்பேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இது தெரிந்ததுதான் என்பது போல. "மறந்துட்ட. அதான் நீ தூக்கிப் போடவே இல்ல. அது இன்னும் டெய்லி வருது."

நாடகத்துக்காகச் சொன்னதல்ல அது. நான் தூக்கிப் போடவில்லைதான். ஒரு வருடமாக என் சத்தியத்தை நான் மெச்சிக்கொண்டிருக்க, இவள் ஒவ்வொரு நாளும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

மண்டியிட்டேன். அலகை அவள் காதருகே கொண்டுபோனேன். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற ஜெபராஜ் சார் தலையை நிமிர்த்துவது ஒரு துளை வழியாகத் தெரிந்தது.

"நாற்காலி," என்றேன். "மேல் வீட்டு நாற்காலி."

ஜென்சி ஓர் அடி பின்னால் போனாள். கண்கள் விரிந்தன.

"மைனா குரல்!" என்று கத்தினாள். "இதுக்குள்ள மைனா குரல் கேக்குது! பருந்து மைனாவ முழுங்கிடுச்சு!"

விக்கி என்ற குண்டுப் பையன் என் வயிற்றில் இரண்டு கையாலும் குத்த ஆரம்பித்தான். "துப்பு! மைனாவ துப்பு!" இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சின்னப் பெண் தேம்பினாள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார்கள். "நான் இங்க இருக்கேன் பாருங்க!" என்று அனுப்பிரியா குதித்தாள். "நீ டூப்பு!" என்றான் விக்கி.

சார் உதட்டின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். விரலை எடுக்கவேயில்லை. இப்போதுகூட நான் எழுந்து இறக்கையை ஆட்டியிருந்தால் சமாளித்திருக்கலாம். அனுப்பிரியா கெட்டிக்காரி, ஏதாவது சொல்லியிருப்பாள்.

ஜென்சி விக்கியைத் தள்ளிவிட்டு வந்தாள். என் வயிற்றில் காதை வைத்தாள்.

"மைனா, உள்ள வலிக்குதா?"

"வலிக்கல," என்றேன். "கொஞ்சம் புழுக்கமா இருக்கு."

"நான் சொன்னத என்ன பண்ண?"

பருந்து என்ன சொல்றார்னா என்று நாக்கு தானாக எழுந்தது. அதை அப்படியே நிறுத்தினேன். அந்த மூன்று சொற்கள் இல்லாமல் அடுத்த வார்த்தை வருமா என்று பயந்தேன்.

"பருந்துகிட்ட சொல்லாதேன்னு நீ சொன்னியே. அதனால தூக்கிப் போடாம நானே வெச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும் ஜென்சி. சொல்லல. தப்புதான்."

அவள் காதை எடுக்காமல் யோசித்தாள். "இன்னும் வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"இப்போ போடலாமா?"

"மாடியிலேர்ந்து போட்டா போகுமான்னு எனக்குத் தெரியல. வா, அந்த நாற்காலியப் போய்ப் பார்த்துட்டு வரலாம்."

என் கையுறையைப் பிடித்துக்கொண்டாள். கட்டை வைத்த பூட்ஸில் ஒவ்வொரு படியாக ஏறினேன். பின்னால் விக்கி, அவன் பின்னால் எல்லாக் குழந்தைகளும், அனுப்பிரியாவும். "அக்கா, ஸ்கிரிப்ட்ல இது இல்லையே," என்றாள் மெதுவாக. ஆனாலும் வந்தாள். கீழே படிக்கட்டு வளைவில் சாரின் குரல்: "சத்யா! இறங்கு! நான் ஜாய்சனுக்கு போன் போடறேன், சொல்லிட்டேன்!" குழந்தைகள் முன்னால் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சத்யா யாரு?" என்றாள் ஜென்சி.

"நான்தான்."

"மைனா பேரா?"

"ம்."

இரண்டாவது மாடி, ஜென்சி வீட்டுக்கு நேர் மேலே. கதவில் தட்சிணாமூர்த்தி என்று பெயர்ப்பலகை. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. ஜென்சி அந்தச் செருப்பை வெகு நேரம் பார்த்தாள். செருப்பு இருந்தால் கால் இருக்க வேண்டும் என்பது அவளுக்கு எட்டிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். மணியை அழுத்தினேன்.

உள்ளே நாற்காலி இழுபட்டது. கரகரவென்று, நிதானமாக, கதவை நோக்கி. ஜென்சியின் நகங்கள் கையுறை வழியாக என் விரல்களில் பதிந்தன. விக்கிகூட ஒரு படி இறங்கினான்.

"யாரும்மா அது?" என்றது ஒரு வயதான ஆண் குரல்.

ஜென்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லு," என்றாள்.

"சத்யாங்க," என்றேன். அலகுக்குள் என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "கீழ விழாவுக்கு வந்திருக்கேன். உங்க நாற்காலியக் கொஞ்சம் பாக்கணும். பாப்பாவுக்குக் காட்டணும்."