டெல்லி வழியாகக் களக்காடு

குமரகுருபரன் சாஸ்தா கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. தங்கை மகளுக்குக் காது குத்தி முடிந்திருந்தது.

தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தில் விமானம் இறங்கியதும் அங்கேயே கழிப்பறையில் பட்டு வேட்டிக்கு மாறியிருந்தான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடியிறக்கிக் காது குத்த வேண்டும். அதற்கென்று வாங்கிய வேட்டி. காரில் மடிப்புக் கலையாமல் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தான். நாங்குநேரியைத் தாண்டும்போது தங்கை கணவன் போனில் கூப்பிட்டு, ராகுகாலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டியிருந்தது, முடித்துவிட்டோம், பைய வாங்க என்றான். அதற்குப் பிறகும் குமரகுருபரன் சாய்ந்து உட்காரவில்லை.

கோவில் களக்காட்டுக்கு மேற்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. காரைக் கண்டதும் தங்கை சித்ரலேகா பந்தலிலிருந்து எழுந்து வந்தாள். அவன் வாயைத் திறக்குமுன் அவளே சமாதானம் சொன்னாள்.

"டெல்லில பனின்னு டிவியிலயே போட்டான். எங்க மாமனார்கிட்டயும் காட்டிட்டேன். அதுக்கு நீங்க என்ன செய்வீய."

பனி உண்மைதான். இரவு முழுவதும் டெல்லியிலிருந்து ஒரு விமானமும் கிளம்பவில்லை. டெல்லியில் ஆபீஸ் வேலை என்று அவளிடம் சொல்லியிருந்ததுதான் பொய்.

மும்பையில் இருப்பவன் திருவனந்தபுரத்துக்கு நேராகப் பறந்து, காரில் நாகர்கோவில் வழியாக முந்தின நாள் மாலையே வந்திருக்கலாம். அப்படித்தான் தங்கையிடம் முதலில் சொல்லியிருந்தான். பிறகு விமானக் கம்பெனியிலிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது. அடிக்கடி பறப்பவர்களுக்கு அவர்கள் தரும் தங்க அட்டை அவனிடம் இருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் இன்னும் சில தடவை பறக்காவிட்டால் அது வெள்ளியாக இறங்கிவிடும். வடக்கே டெல்லிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்து, தூத்துக்குடியில் இறங்கி, வந்த வழியே திரும்பினால் கணக்கு நேராகிவிடும். மகனுக்குப் பரீட்சை. மனைவியும் வரவில்லை. கூட ஆள் இருந்திருந்தால் இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. தெற்கே போக வேண்டியவன் வடக்கே போனான்.

விடியுமுன் டெல்லியிலிருந்து போன் செய்து, நேரத்துக்கு வர முடியாது என்று சொன்னதும் சித்ரலேகா, எத்தனை மணி ஆகும் என்று கேட்டாள். பிறகு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதை இப்போது குரலை இறக்கிச் சொன்னாள். சித்தப்பா மகன் சிவசங்கரனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பாளையங்கோட்டை வீட்டைப் பங்கு வைத்ததிலிருந்து சித்தப்பா வீட்டோடு பேச்சு இல்லை. சண்டை குமரகுருபரன் போட்டது. சித்ரலேகா அண்ணன் பக்கம் நின்றாள். அவளுக்கென்று அவர்களிடம் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இருந்தும் சிவசங்கரனுக்கு இந்த விசேஷத்தைச் சொல்லவே இல்லை. சொல்லாத இடத்தில் போய், விடியற்காலையில், உங்க மடி வேணும் என்று கேட்டிருக்கிறாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஒரு வார்த்தை குத்திக் காட்டல சங்கரண்ணன்" என்றாள். "நீங்களும் போயி ரெண்டு வார்த்தை பேசிருங்க. அப்புறம் சாப்பிட்டுட்டு உங்க மடியில பிள்ளைய வச்சு ஒரு போட்டோ எடுத்துருவோம். காது குத்துன ஆசாரிய நிக்கச் சொல்லியிருக்கேன். ஆல்பத்துல பாக்குதவனுக்கு என்ன தெரியும்?"

குமரகுருபரன் தலையாட்டினான். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

பந்தியில் அவளுடைய மாமனார் காந்திமதிநாதன் பக்கத்தில் இலை போட்டார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். "வானத்துல வாறவங்களுக்கு ராகுகாலம் ஏது தம்பி, சாப்பிடுங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குமரகுருபரனும் சிரித்தான். பாயசம் வந்தபோது போதும் என்று கையை மறித்தான்.

சாப்பாடு முடிந்து வேப்பமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே சிவசங்கரன். அவசரத்தில் உடுத்தி வந்த சாதாரண வேட்டி. பிள்ளையின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் அவன் மடியெல்லாம் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதைத் தட்டிவிட அவனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பேச்சை அவனே தொடங்கினான். ஆஸ்பத்திரிச் சாமான்கள் விற்கும் கம்பெனியில் இருக்கிறான். அடுத்த மாதத்திலிருந்து மும்பைக்கும் டெல்லிக்கும் அனுப்பப் போகிறார்களாம். அண்ணன் வைத்திருக்கிற அந்த அட்டையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறானாம். தானும் அதில் சேரலாமா, சேர்ந்தால் லாபமா நட்டமா என்று கேட்டான். பேச்சு விட்டுப்போன அண்ணனிடம் பேச அவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

குமரகுருபரனுக்கு மூச்சு வந்தது. தெரிந்த விஷயம். வரிசையில் நிற்க வேண்டாம், பெட்டி கூடுதலாகக் கொண்டுபோகலாம், காத்திருக்கும் நேரத்தில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இட்லி காப்பி கொடுப்பார்கள் என்றான். சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம் என்றான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி சித்ரலேகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அதெல்லாம் என்னத்துக்கு. அம்மாவுக்கு முடியாமப் போன அன்னைக்கு விமானத்துல எடமே இல்ல. அந்தக் கார்டைப் பாத்துட்டுத்தான் அண்ணனுக்கு எடம் போட்டுக் குடுத்தாவ. உசுரோட முகத்தைப் பாத்துட்டாவ. நான் எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

அது நடந்ததுதான். அவள் அதை எல்லோரிடமும் சொல்லித்தான் இருந்தாள். அவன் குழந்தையைப் பார்த்தான். வீங்கிய காது மடல்களில் புதுக் கம்மல். அழுது ஓய்ந்த விக்கல் இன்னும் நிற்கவில்லை.

நட்டம் என்ன என்று காந்திமதிநாதன் கேட்டார். குமரகுருபரன் அதையும் மறைக்காமல் சொன்னான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புள்ளிக்கு டிக்கெட் கிடைக்காது. வைத்திருந்தால் புள்ளி காலாவதியாகும். வேறு கம்பெனியில் மலிவாக இருந்தாலும் அட்டை இவனிடமே போகச் சொல்லும். ஆபீஸ் கொடுத்தால் சரி, சொந்தக் காசில் போகிறவனுக்குக் கட்டாது.

"அப்ப நட்டந்தான்னு சொல்லுங்க" என்றார் காந்திமதிநாதன்.

அவர் சொன்ன விதம் பிடிக்கவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்படி இல்ல மாமா. வழி தெரியணும்" என்று குமரகுருபரன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். "நேராப் போனா கம்பெனிக்காரன் கணக்குல ஒரு தடவதான் எழுதுவான். மாறி மாறிப் போனா ஒவ்வொண்ணுக்கும் எழுதுவான். இப்ப மும்பையில இருந்து நேரா திருவனந்தபுரம் வந்தா ஒண்ணு. அதையே டெல்லி போயி, சென்னை போயி, தூத்துக்குடி வந்தா மூணு. திரும்பிப் போகையிலயும் அதே மாதிரி. கார்டு தங்கத்துலயே நிக்கும்."

மூன்று விரல்களை நீட்டியிருந்தான். சொன்னது தன் காதிலேயே விழுந்தது. விரல்களை மடக்கிக்கொண்டான்.

"நம்ம ஊருக்கு வாறதுக்கு டெல்லிக்குப் போணுமோ" என்று காந்திமதிநாதன் சிரித்தார். தங்கை கணவனும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. காந்திமதிநாதன் குமரகுருபரன் முகத்தைப் பார்த்தார், பிறகு வேட்டியைப் பார்த்தார். சிவசங்கரன் தரையைப் பார்த்தான். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது குமரகுருபரனுக்குக் கேட்டது.

சித்ரலேகாதான் பேசினாள். மாமனாரைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணன் ஆபீஸ் வேலையாத்தான் டெல்லிக்குப் போனாவ மாமா. ஒரு பேச்சுக்குச் சொல்லுதாவ."

குரலில் ஒன்றும் இல்லை. கை மறுபடியும் தட்டத் தொடங்கியது.

"ஆமா" என்றான் குமரகுருபரன்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த பிறகு அவனுக்காக அவள் சொன்ன பொய்யை அவன் வாங்கிக்கொண்டான். காந்திமதிநாதன் எழுந்து, சமையல்காரர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

சிவசங்கரன் உட்கார்ந்தே இருந்தான். கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

"அப்ப நான் சேரட்டுமாண்ணே?"

"வேண்டாம்லே" என்றான் குமரகுருபரன்.

சிவசங்கரன் மேற்கொண்டு கேட்கவில்லை. பங்காளி தனக்கு இருப்பதை அடுத்தவனுக்கு வேண்டாம் என்கிறான் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தால் நல்லது என்று குமரகுருபரனுக்குத் தோன்றியது.

போட்டோக்காரன் வந்தான். தாய்மாமன் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்களே, வெயில் இறங்குகிறது என்றான். ஆசாரி ஊசிப் பெட்டியோடு அவன் பின்னால் நின்றார். தங்கை கணவன் ஜமுக்காளத்தை உதறி விரித்தான். அவனுக்கும் வேறெங்காவது பார்க்க ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

குமரகுருபரன் போய் உட்கார்ந்தான். சம்மணம் போட்டு வேட்டியை முழங்காலில் இழுத்துவிட்டு மடியைச் சரிசெய்தான். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. உட்காரச் சொன்னவர்கள் முன்னால் எழுந்திருக்கவும் வெட்கமாக இருந்தது. கையை நீட்டினான்.

சித்ரலேகா பக்கத்தில் வந்தாள். நீட்டிய கைகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளை தூங்குது" என்றாள் போட்டோக்காரனிடம். "எடுத்தது போதும்."

அவள் தோளுக்கு மேல் குழந்தை கண்ணை அகல விரித்து அவனையே பார்த்தபடி போனது. அதன் தலையில் சந்தனம் வெடித்துப் பொடியாகியிருந்தது. ஆசாரி பெட்டியை மூடினார். ஜமுக்காளத்தின் ஓரத்தில் நின்றிருந்த சிவசங்கரன் குனிந்து, எழுந்திருக்கக் கை கொடுத்தான்.

குமரகுருபரன் பிடித்துக்கொண்டான். பட்டு வேட்டியில் ஒரு கறை இல்லை.