மழையில் காய்ந்த படி

“எழுதிட்டீங்களா?”

“எதைம்மா?”

“என் வீட்டுக்காரர் பேரை.”

முஸாவிர் நாணல் பேனாவை மைக்கூட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். பாக்தாத்தின் மேற்குக் கரையில் புத்தகக் கடை வைத்திருப்பவர் அவர். பிறர் புத்தகங்களைப் படியெடுத்து விற்றே தலை நரைத்துப்போய், இப்போதுதான் சொந்தமாக ஒன்று எழுதுகிறார். கடை வாசலில் முக்காட்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் லுபாபா, எங்கள் பஞ்சுகொட்டிகள் சந்துத் தண்ணீர்க்காரன் ஸுரைக்கின் மனைவி.

“சவரக்கார ஃபுரைஜ் சொன்னான். உங்க புத்தகத்துல முட்டாள்களுக்குன்னு ஒரு பாகம் இருக்காம். அதுல இவரும் இருக்காராம்.”

“அறிவாளிகளுக்கும் ஒரு பாகம் இருக்கு, ரய்யா உம்மா. அதை யாரும் விசாரிக்க மாட்டேங்கறாங்க.”

இரண்டு பாகங்களின் ஏட்டுக் கட்டுகளும் பலகையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. லுபாபா எட்டிப் பார்த்தாள்.

“அது ஏன் இவ்வளவு மெலிசா இருக்கு?”

“அறிவாளிங்க வாயைத் திறக்கறதில்லை. எனக்கு எப்படிக் கதை கிடைக்கும்?”

“சிரிக்க வைக்காதீங்க. என் வயித்தெரிச்சல் எனக்கு. வியாழக்கிழமை பள்ளிவாசல்ல வச்சு இதை வாசிக்கப் போறீங்களே, முன்வரிசையில யாரு உக்காரப் போறாங்க தெரியுமா? காகிதக் கடை முதலாளி. அவர் மகனுக்குத்தான் எங்க மக ரய்யாவைப் பேசியிருக்கு. வாய்ப்பேச்சுதான் முடிஞ்சிருக்கு, நிக்காஹ் இன்னும் ஆகலை. ‘முட்டாளோட மகள் கொடுக்கற பாலைக் குடிச்சா பேரனும் முட்டாள்’னு உங்க புத்தகத்திலேயே ஒரு இடத்துல இருக்காமே?”

“நாப்பதாம் ஏடு” என்றார் முஸாவிர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வாசிங்க கேப்போம். இவரைப் பத்தி என்னதான் எழுதியிருக்கீங்கன்னு.”

முஸாவிருக்குத் தன் எழுத்தைத் தானே வாசிப்பதென்றால் வெல்லம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“‘சவரக்காரர் ஃபுரைஜ் எனக்குச் சொன்னார், அவருக்கு ஷேக் ஹம்தூன் சொன்னார்: பஞ்சுகொட்டிகள் சந்தில் ஸுரைக் என்றொரு தண்ணீர்க்காரன் உண்டு. வெயில் காலத்தில், பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் வாசற்படியில் தினமும் தண்ணீர் ஊற்றுவான். மழை நாளில் அதே படி நனையாமல் தன் தோல்பையை விரித்து மூடி, பக்கத்தில் நின்று தான் நனைவான்.’ அவ்வளவுதான்.”

ஃபுரைஜும் லுபாபாவிடம் இதையேதான் சொல்லியிருந்தான். இந்தக் கதையைக் கேட்டது முதல் இரண்டு நாளாக அவளும் ஸுரைக்கைக் குடைந்துகொண்டுதான் இருந்தாள்.

“ஏன் ஊத்தறீங்க?” என்று கேட்டிருந்தாள்.

“பையில மிச்சம் இருக்கும்” என்றான் ஸுரைக்.

“மழையில ஏன் மூடறீங்க?”

“வழுக்கும்ல?”

“பூட்டின வீட்டுல யாருக்கு வழுக்கும்?”

அவன் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டே இருந்தான்.

“எந்த வீடு அது?”

“ஏதோ ஒரு வீடு.”

“ரய்யா வாப்பா, புத்தகத்துல உங்க பேர் வரப்போகுது. ஊர் சிரிக்கப்போகுது. காரணம் ஏதாவது இருந்தா சொல்லித் தொலைங்களேன்.”

“முஸாவிருக்கு அழகான கையெழுத்துன்னு சொல்வாங்க” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

அதையெல்லாம் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டு நின்றவளுக்குச் சட்டென்று ஒன்று தட்டியது.

“ஷேக் ஹம்தூன் சொன்னாருன்னு எழுதியிருக்கீங்களே, அவர் சொன்னாரா, பாத்தாரா?”

“என் புத்தகத்துல சொன்னவர் பேர் இல்லாம ஒரு வரி கிடையாதும்மா. எனக்கு இவர், இவருக்கு அவர்னு சங்கிலி மாதிரி பிடிச்சுக்கிட்டுப் போய்…”

“போய்? கடைசி ஆள் கண்ணால பாத்திருக்கணுமா வேண்டாமா?”

“கண்டிப்பா பாத்திருக்கணும்.”

“ஷேக் ஹம்தூன் பிறந்ததுலேர்ந்தே பார்வை இல்லாதவராச்சே.”

முஸாவிர் ஏட்டைப் பார்த்தார். லுபாபாவைப் பார்த்தார். மறுபடி ஏட்டைப் பார்த்தார். அறிவைப் பற்றி இருநூறு ஏடு எழுதியவர் பார்வையில்லாதவரைப் பார்த்த சாட்சியாகப் போட்டிருக்கிறார். வியாழக்கிழமை கூட்டத்தில் யாராவது ஒருவன் இதைப் பிடித்திருந்தால், முட்டாள்கள் பாகத்தில் முதல் பெயர் அவருடையதாக இருந்திருக்கும்.

“செருப்பைப் போட்டுக்கறேன், இருங்க” என்றார்.

*

அவர்கள் எங்கள் சந்து முனைக்கு வரும்போது நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஷேக் ஹம்தூன் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். குர்ஆனை முழுதும் நெஞ்சில் வைத்திருப்பவர். அவர் ஓதினால் ஆற்றில் போகும் படகுக்காரன் துடுப்பை நிறுத்துவான். பேசினால் அதே படகுக்காரன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவான். அப்படி ஒரு வாய்.

முஸாவிர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

“யாரது?”

“முஸாவிர், ஷேக்.”

“கையை எடு. நான் வீட்டுக்குப் போறேன், கிணத்துக்கு இல்லை.”

சந்து முனையில் ஷேக் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் சந்தில் ஒரே சுவராக ஒன்பது வீடு. ஒன்பதுக்கும் ஒரே மாதிரி செங்கல் படி. நடையை எண்ணிப் போகலாமென்றால் நேற்று இல்லாத பஞ்சு மூட்டை இன்று வழியில் கிடக்கும். சுற்றிப் போவதற்குள் கணக்குத் தவறிவிடும். அப்படித்தான் மூன்று வருஷத்துக்கு முன்பு ஒருநாள் ஷேக் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே ஒருத்தி தலையை விரித்துப் போட்டு வாரிக்கொண்டிருந்தாள். அவள் போட்ட கூச்சலும், அவள் புருஷன் பேசிய பேச்சும் சொல்லி முடியாது. ஷேக் எட்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஒன்பதாம் நாள் வந்தவர், ‘இனி எவனும் என் கையைப் பிடிக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றிலிருந்து ஒருநாளும் வாசல் தவறியதில்லை. ஊரே அதிசயப்பட்டது.

இப்போதும் அப்படித்தான். சுவரோரமாக வந்து ஒவ்வொரு படியையும் கால் கட்டை விரலால் தொட்டார். ஒன்று, சுடுகிறது. இரண்டு, சுடுகிறது. மூட்டையைச் சுற்றிக்கொண்டு அடுத்தது. அதுவும் சுடுகிறது. அதற்கடுத்த படியில் பாதத்தை முழுதாக வைத்து நின்றுவிட்டார்.

“பாத்தியா முஸாவிர்? கண்ணு இருக்கறவன் குடிச்சுட்டு வந்தா வீடு தெரியாது. என் வீடு என் பாதத்துக்குத் தெரியும். நாப்பது வருஷமா ஓதற வீடு. வெயிலுக்குக் குளிர்ந்திருக்கும், மழைக்கு நனையாது. அல்லாஹ் கொடுத்த பரக்கத்து.”

“மாஷா அல்லாஹ்” என்றார் முஸாவிர்.

லுபாபா படியைப் பார்த்தாள். ஈரம் இன்னும் கருமையாக இருந்தது. ஓரத்தில் ஒரு சொட்டு செங்கல் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெயிலுக்கு ஈரம். மழைக்குக் காய்ந்தது. எல்லாப் படியும் ஒன்றாக இருக்கும்போது இந்த ஒரு படி மட்டும் வேறாக. ‘ஏதோ ஒரு வீடு’ என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவனின் முதுகு கண்முன் வந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸுரைக் முட்டாள்கள் பாகத்திலிருந்து எழுந்து அந்த மெலிசான கட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். காகிதக் கடை முதலாளி மார்தட்டிக்கொண்டு சம்பந்தம் செய்வார். ஆனால் ஷேக்? நாற்பது வருஷத்துப் பரக்கத்து ஒரு தோல்பைத் தண்ணீர் என்று வியாழக்கிழமை அத்தனை பேர் நடுவில் வாசிப்பார்களே.

“முஸாவிர் அண்ணே, போவோம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்றாள் மெல்ல.

“இருங்கம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டோம். ஷேக், அந்தத் தண்ணீர்க்காரன் கதையை உங்களுக்கு யார் சொன்னது?”

“எதிர்வீட்டு ஜுந்துப்தான் சொன்னான். டேய் ஜுந்துப்!”

பஞ்சுகொட்டி ஜுந்துப், பஞ்சு அடிக்கும் வில்லைக் கீழே வைத்துவிட்டு வந்தான். தாடி, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு.

“நீ கண்ணால பாத்தியா?” என்று கேட்டார் முஸாவிர்.

“எதை?”

“ஸுரைக் தண்ணி ஊத்தறதை.”

“பாக்காம? மூணு வருஷமா தினமும் பாக்கறேன்.”

“எந்த நேரத்துல?”

ஜுந்துப் விழித்தான். “அது… லுஹர் தொழுகை நேரத்துல.”

“அந்த நேரத்துல நீ பள்ளிவாசல்ல இல்லையா?” என்றார் ஷேக்.

“கால் வலி ஷேக்.”

“மூணு வருஷமாவா?”

“விட்டு விட்டு வலிக்குது.”

“சரி, சரி. எந்த வாசல்?” முஸாவிர் ஏட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். “ஆள் பேர் இருக்கு, சந்து பேர் இருக்கு. வாசலைத்தான் யாரும் சொல்லலை. யார் வாசல்?”

ஜுந்துப் லுபாபாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவனுக்கு அது எப்படி விளங்கியதோ, பளிச்சென்று சொன்னான்.

“இதோ இதுதான். ஷேக் நின்னுக்கிட்டிருக்காரே, இதே படி. தொழுகைக்குப் போனா வீடு பூட்டித்தானே கிடக்கும்? நான் வீட்டுல இருந்தது தெரிஞ்சிருமேன்னுதான் யார் வாசல்னு அன்னிக்குச் சொல்லலை.”

சந்தில் பஞ்சு மட்டும் பறந்துகொண்டிருந்தது.

ஷேக் ஹம்தூன் பாதத்தை மெதுவாகத் தூக்கினார். பக்கத்து வீட்டுப் படியில் வைத்தார். சுட்டிருக்க வேண்டும்; எடுத்துவிட்டார். மறுபடியும் தன் படியில் வைத்தார். குனிந்து விரலால் ஈரத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“ஷேக்?” என்றார் முஸாவிர்.

“ஊத்தச் சொன்னதே நான்தான்” என்றார் ஷேக்.

“என்னது?”

“காது கேக்கலையா? ஸுரைக்கை நான்தான் ஊத்தச் சொன்னேன். சொன்ன வேலையைச் செஞ்சவனை முட்டாள்னு எழுதுவியா?”

“மழையில காய வைக்கறது?”

“அதுவும் நான் சொன்னதுதான்.”

“அப்போ அந்தப் பரக்கத்து…”

“பெருமையடிச்சேன். அதையும் எழுதிக்கோ.”

முஸாவிர் பேனாவை ஏட்டில் வைத்துக்கொண்டு நெருங்கினார். “ஆனா ஏன் ஷேக்? வெயில்ல நனைக்கறதும் மழையில காய வைக்கறதும், இதுல என்ன கணக்கு?”

“ஏன்னு நான் சொன்னா அது எந்தப் பாகத்துக்குப் போகும்?”

“காரணம் நல்லா இருந்தா, அறிவாளிகள் பாகத்துக்கு. அது மெலிசாத்தான் இருக்கு.”

“வேண்டாம். அது மெலிசாவே இருக்கட்டும். ஸுரைக் பேரை அடிச்சுட்டு அந்த இடத்துல என் பேரைப் போடு. ஹம்தூன்னு முழுசா எழுது. முட்டாள் யாருன்னு நாளைக்கு ஊர் குழம்பக் கூடாது.”

“ஷேக்…” என்றாள் லுபாபா.

“யாரு, ஸுரைக் வீட்டம்மாவா? நீ எப்பலேர்ந்து இங்க நிக்கறே?”

“இப்பத்தான் வந்தேன்.”

“நல்லது. எதையும் கேட்டிருக்க மாட்டே” என்று சொல்லிவிட்டு ஷேக் கதவைத் தடவித் திறந்து உள்ளே போய்விட்டார்.

*

வியாழக்கிழமை எங்கள் பள்ளிவாசல் கொள்ளவில்லை. ‘தன் வாசலை வெயிலில் நனைத்து மழையில் காயவைக்கச் சொன்ன ஷேக்’ கதை வந்தபோது காகிதக் கடை முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் தலைப்பாகை நழுவிக் காதுக்கு வந்துவிட்டது. கதையைச் சொன்னவர் அங்கேயே இருந்தால் அவர் வாயால் ‘ஆம்’ என்று சொன்ன பிறகுதான் படியெடுக்க விடுவது வழக்கம்.

“ஷேக் ஹம்தூன், இது உங்களிடமிருந்து வந்ததுதானா?” என்று கேட்டார் முஸாவிர்.

“என்னிடமிருந்துதான். நடுவுல ஒரு வரியை விட்டுட்டே. பெருமையடிச்சேன்னு சொன்னேனே, அதைச் சேத்து இன்னொரு தடவை வாசி.”

மறுபடி வாசித்தார். மறுபடி சிரித்தார்கள். ரய்யாவின் நிக்காஹ் அடுத்த மாதம் என்று அன்றைக்கே பேசி முடிந்தது.

ஸுரைக்கும் லுபாபாவும் வீட்டுக்குத் திரும்பினார்கள். பாலத்தருகே வந்ததும் ஸுரைக் நின்றான்.

“அவர் என்கிட்ட எப்பச் சொன்னாரு? சொல்லவே இல்லையே.”

“வயசாச்சுல்ல. சொன்னதா நினைச்சிருப்பாரு.”

“நீ ஏதாவது சொன்னியா?”

“நான் என்னத்தைக் கண்டேன்? எந்த வீடுன்னு நீங்க எனக்குச் சொன்னீங்களா?”

ஸுரைக் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இருவரும் நடந்தார்கள்.

முஸாவிர் மட்டும் இன்றுவரை விடவில்லை. லுபாபா கடைப்பக்கம் போனால் போதும், “ரய்யா உம்மா, அதுல என்ன கணக்கு? உங்களுக்குத் தெரியும்னு உங்க முகமே சொல்லுதே” என்பார். “புத்தகம் எழுதினவர் நீங்க, என்னைக் கேக்கறீங்களே” என்று இவள் நடையைக் கட்டுவாள்.

அந்தக் கூட்டம் முடிந்து, வெள்ளிக்கிழமையும் கழிந்து சனிக்கிழமை. லுஹர் தொழுகை முடிந்தும் ஸுரைக் அந்தப் படியருகே தோல்பையோடு தயங்கி நின்றான். ஊற்றுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. சந்து முனையில் தடி தட்டும் சத்தம் கேட்டது. ஷேக் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே காதைக் கொடுத்து நின்றார்.

“யாருடா அது என் வாசல்ல?”

“முட்டாள்தான் ஷேக்.”

“எந்த முட்டாள்? இந்தச் சந்துல இப்ப ரெண்டு பேர் இருக்கோம்.”

ஸுரைக் பையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான்.